தோல்வியின் பொறுப்பு: திருவரங்கம் 1752

ஒரு படைத்தலைவனின் முடிவைப் பெரும்பிழை என்று சொல்ல, அவன் தோற்றான் என்பது மட்டும் போதாது. அந்த நேரத்தில் அவனுக்குத் தெரிந்திருந்ததை வைத்துக்கொண்டே அவன் வேறு முடிவு எடுத்திருக்க முடியும் என்று காட்ட வேண்டும். அப்படிக் காட்டிய பிறகும் ஒரு கேள்வி நிற்கிறது. பிழை செய்தவன் குற்றவாளியா? போர்களைப் பற்றிய விவாதங்களில் முதல் கேள்விக்கே நேரம் முழுவதும் போய்விடுகிறது. இரண்டாவது கேள்வி அறநூல்களுக்குரியது என்று ஒதுக்கப்படுகிறது. திருச்சிராப்பள்ளியைச் சுற்றி 18ஆம் நூற்றாண்டில் நடந்த போர்களில் இந்த இரண்டும் பிரிக்க முடியாத வகையில் பின்னிக் கிடக்கின்றன.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கரீபியன் தீவுகளிலும் மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலும் வங்கத்திலும் ஒரே காலத்தில் நடந்த ஏழாண்டுப் போரை (1756–1763) முதல் உலகப் போர் என்றே சொல்லலாம் என்போர் உண்டு. அதன் தமிழகப் பகுதிதான் மூன்றாம் கர்நாடகப் போர். ஆனால் இங்கே பகை அதற்கு முன்பே மூண்டுவிட்டது. 1749இல் ஆம்பூர்ப் போரில் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கொல்லப்பட, அவர் மகன் முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் ஒதுங்கினார். பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு நவாப் பட்டத்துக்கு நின்ற சந்தா சாகிபு அப்போதே திருச்சியைத் தாக்கியிருக்கலாம். பணத் தேவைக்காகத் தஞ்சாவூர்ப் பக்கம் திரும்பினார். அங்கே மாதங்கள் கழிந்தன. திருச்சி முற்றுகை 1751இல்தான் தொடங்கியது. அது முடியுமுன் ஆங்கிலேயர், மைசூரின் நஞ்சராஜர், மராட்டியத் தலைவர் முராரி ராவ், தஞ்சை, புதுக்கோட்டைத் தொண்டைமான் என்று முகமது அலிக்குத் துணை சேர்ந்துவிட்டது. காலமறிதலுக்குத் தனி அதிகாரம் வைத்த திருக்குறளைப் படித்தவர்களுக்கு இந்தத் தவறை விளக்கத் தேவையில்லை.

இதைவிடப் பெரிய பிழை என்று வரலாற்றாசிரியர்கள் அநேகமாக ஒருமித்துச் சொல்வது அடுத்த ஆண்டு நடந்தது. 1752 ஏப்ரல் தொடக்கத்தில் ஆங்கிலத் தளபதிகள் ஸ்டிரிஞ்சர் லாரன்சும் ராபர்ட் கிளைவும் உதவிப்படையோடு திருச்சிக்குள் நுழைந்தார்கள். அவர்களைத் தடுக்கத் தவறிய பிரெஞ்சுத் தளபதி ழாக் லா, கோட்டைக்குத் தெற்கிலும் கிழக்கிலும் இருந்த நிலைகளைக் கைவிட்டு, கொண்டுபோக முடியாத பொருள்களை அழித்துவிட்டு, காவிரியைத் தாண்டித் திருவரங்கத் தீவுக்குள் போனார். பிரெஞ்சுப் படை திருவானைக்காவில் தங்கியது. சந்தா சாகிபின் ஆட்கள் திருவரங்கம் கோயிலுக்குள் தங்கினார்கள். இரண்டும் உயர்ந்த மதில்கள் கொண்ட பெருங்கோயில்கள். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். வரைபடத்தில் பார்த்தால் இதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

வரைபடம் காட்டாதது இரண்டு. சித்திரை, வைகாசியில் ஆற்றில் பெரும்பகுதி மணல்தான். குதிரையும் பீரங்கி வண்டியும் இறங்கி ஏறிவிடலாம். இரண்டாவது, புதுச்சேரியிலிருந்து வரும் சோறும் வெடிமருந்தும் வடக்கேயிருந்து கொள்ளிடத்தைக் கடந்துதான் வர வேண்டும். லாரன்சின் சம்மதத்தோடு கிளைவ் கொள்ளிடத்தைத் தாண்டிச் சமயபுரத்தில் போய் உட்கார்ந்தார். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே அனுப்பிய உதவிப்படை ஊட்டத்தூர் வரை வந்து பின்வாங்கி, வாலிகண்டபுரத்தில் சரணடைந்தது. ஜூன் மாதம் ழாக் லாவும் சரணடைந்தார். ஏறக்குறைய 800 பிரெஞ்சுக்காரர்களும் 2000 சிப்பாய்களும் கைதானார்கள். இடனறிதல் என்னும் குறள் அதிகாரத்தின் தலைப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் நல்ல இடத்தைத்தான் தேர்ந்தார். அரணுக்குள் இருப்பவனுக்கு உணவு வரும் வழியும் அரணின் ஒரு பகுதி என்பதை மறந்தார். சந்தா சாகிபுக்கு இந்த நகர்வில் உடன்பாடில்லை என்றும் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே, எச்சரிக்கை இருந்தும் எடுத்த முடிவு என்ற அளவில் இதைப் பிழை என்பது நியாயமே.

ஆனால் சமயபுரத்தில் ஓர் இரவு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ழாக் லா அனுப்பிய ஒரு சிறுபடை நள்ளிரவில் கிளைவின் முகாமுக்குள் புகுந்தது. அதில் ஆங்கிலப் படையிலிருந்து ஓடிவந்தவர்கள் சுமார் 40 பேர். காவலர் அதட்டியபோது அவர்கள் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லி, லாரன்ஸ் அனுப்பிய ஆட்கள் என்று நம்பவைத்தார்கள். கிளைவ் படுத்திருந்த இடத்தின்மீது குண்டுகள் பாய்ந்தன. அவர் காலடியில் இருந்த பெட்டி சிதறியது. பக்கத்தில் படுத்திருந்த வேலைக்காரர் செத்தார். எழுந்து வந்த கிளைவ், சுடுவது தம் சிப்பாய்கள்தான் என்று நினைத்து எதிரிப் படையின் நடுவிலேயே போய் நின்று அவர்களைக் கண்டித்தார். அன்று ஒரு குண்டு ஒரு முழம் தள்ளிப் பாய்ந்திருந்தால் சமயபுரம் கைமாறியிருக்கும், தீவுக்கு உணவு வந்திருக்கும், ழாக் லா எடுத்த அதே முடிவு பொறுமைமிக்க போர்த்தந்திரம் என்று புத்தகங்களில் ஏறியிருக்கும். செய்தவனின் கையில் இல்லாத ஒன்று அவனுடைய பெயரை எவ்வளவு தூரம் தீர்மானிக்கலாம் என்ற இந்தச் சிக்கலை பெர்னார்டு வில்லியம்சும் தாமஸ் நேகலும் 1976இல் ‘ஒழுக்கத்தில் அதிர்ஷ்டம்’ என்ற தலைப்பில் விவாதித்தார்கள். பின்வந்த மேலைத் தத்துவத்தில் அது பெரிய விவாதமாக வளர்ந்தது.

இதே கேள்விக்குத் திருவரங்கத்தில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு பதில் உண்டு. கீதையின் 18ஆம் அத்தியாயம் எந்தச் செயலுக்கும் ஐந்து காரணங்களைச் சொல்கிறது, ஐந்தாவது தெய்வம். அந்தத் தெய்வம் உள்ளிருந்து நடத்தும் பரமாத்மாவே என்று இராமானுசர் உரை கண்டார். அப்படியானால் உள்ளிருந்து நடத்துபவன் இறைவனாக இருக்க, மனிதனைக் குற்றம் சொல்வது எப்படி என்ற மறுப்பு உடனே எழும். முதல் முயற்சி சீவனுடையது, அந்த முயற்சியைப் பார்த்து இறைவன் அனுமதி தருகிறான், அந்த அனுமதியால் செயல் நடக்கிறது என்பது அவர் தரும் விடை. இருவருக்குப் பொதுவான சொத்தை மூன்றாமவருக்குக் கொடுக்க மற்றப் பங்காளியின் சம்மதம் வேண்டும். ஆனாலும் கேட்டு வாங்கிக் கொடுத்தவனுக்கே அதன் பலன் சேரும் என்பது அவர் காட்டும் உவமை. ஆக, ஆற்றில் தண்ணீர் இல்லாததும் குண்டு தவறியதும் தளபதியின் கணக்கில் வராது. எதை நினைத்து எதில் இறங்கினான் என்பது வரும்.

இந்த அளவுகோலை அந்த ஜூன் மாதத்துக்கே வைத்துப் பார்க்கலாம். தீவு விழப்போகிறது என்று தெரிந்ததும் சந்தா சாகிபு தஞ்சைத் தளபதி மானோஜியிடம் அடைக்கலம் பேசினார். உயிருக்கு ஆபத்தில்லை என்று மானோஜி சத்தியம் செய்தார். நம்பிப் போனவர் விலங்கிடப்பட்டார். கைதி யாருக்கு என்று மைசூர், மராட்டியர், முகமது அலி ஆகிய தரப்புகள் சச்சரவிட்டன. தம்மிடம் ஒப்படைக்கலாம் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்த லாரன்ஸ், மற்றவர்கள் ஒப்பாததால் ஒதுங்கிக்கொண்டார். மானோஜியின் ஆணைப்படி சந்தா சாகிபின் தலை வெட்டப்பட்டது. போர்த்தவறுகளைப் பட்டியலிடும் எந்த நூலிலும் இது தவறாக எண்ணப்படுவதில்லை. வென்ற தரப்புக்கு இதனால் நட்டம் இல்லை என்பதே அதற்குக் காரணம். பெரும்பிழை என்ற கணக்கு சொந்தத் தரப்பின் இழப்பை மட்டுமே அளக்கிறது. சத்தியம் மீறுவது அந்தக் கணக்கின் கண்ணில் படுவதே இல்லை. இதுதான் அந்தக் கணக்கின் பெரிய குறை.

மக்கள் நினைவு வேறு கணக்கு வைத்திருந்தது. சந்தா சாகிபு 1736இல் திருச்சியை ஆண்ட இராணி மீனாட்சியிடம் குர்ஆன்மீது பொய்ச்சத்தியம் செய்து திருச்சியைப் பிடித்தார், அந்தச் சத்தியம் செய்த தளவாய் மண்டபத்திலேயே பின்னர் அவர் தலை போனது என்று ஒரு செய்தி வழங்குகிறது. இரண்டும் ஒரே இடமா என்பதை நிறுவுவது கடினம். ஆனால் தோல்விக்குக் காரணம் தேடிய மக்கள் தீவையும் கொள்ளிடத்தையும் விட்டுவிட்டு, மீறப்பட்ட ஒரு சத்தியத்தில் போய் நின்றார்கள் என்பது கவனிக்கத்தக்கது. வினைக்கோட்பாட்டை இப்படிக் கையாள்வதில் ஆறுதலும் உண்டு, ஆபத்தும் உண்டு. சந்தா சாகிபு தம் வினையை அனுபவித்தார் என்றால், வாளை எடுக்கச் சொன்ன மானோஜி வெறும் கருவியா? இராமானுசரின் விடைப்படி இல்லை. பலன் யாருக்கு வர வேண்டியதாக இருந்தாலும், அடைக்கலம் கொடுத்துக் கொன்றவனின் முதல் முயற்சி அவனுடையதே. திருவள்ளுவரும் ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்துவிட்டு ஆள்வினையுடைமைக்கும் தனி அதிகாரம் வைத்தார். ஊழைச் சொல்லி ஒருவன் தப்பித்துக்கொள்ளும் வாசல் அங்கும் திறந்திருக்கவில்லை.

அதே சரணடைதலின்போது திருவரங்கம் கோயிலுக்குள் நடந்த ஒன்றைக் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் பதிவு செய்திருக்கிறார். உள்ளே இருந்த ஆயிரம் ராஜபுத்திர வீரர்கள், மூன்றாம் மதிலைத் தாண்டி யாராவது உள்ளே வந்தால் வெட்டுவோம் என்று வாளோடு நின்றார்கள். தலைவர்கள் சரணடைந்தாயிற்று; போர் முடிந்தாயிற்று; அவர்கள் வெல்ல இனி ஒன்றும் இல்லை. போர்க்கணக்கில் அது அர்த்தமற்ற பிடிவாதம். ஆங்கிலேயர் அவர்களுடைய பக்தியை மதித்து, உள்ளே வருவதில்லை என்று வாக்குக் கொடுத்தார்கள். ஏழு மதில்களுக்கு உள்ளே பெருமாள் பள்ளிகொண்டிருக்கும் கோயிலைப் படைவீடாக்கியவர்கள் இரு தரப்பிலும் உண்டு. அந்த வாரங்களில் அந்த இடம் எதற்குரியது என்று நினைத்துச் செயல்பட்டவர்கள் ஊர்பேர் தெரியாத இந்தச் சிப்பாய்கள்தான்.

ஏழாண்டுப் போர் அதிகாரபூர்வமாகத் தொடங்கிய பிறகு திருச்சி மீண்டும் களமானது. 1757 மே மாதம் ஆங்கிலக் கேப்டன் கெய்லாட் மதுரைக்குப் போயிருந்த சமயம் பார்த்துப் பிரெஞ்சுப் படை கோட்டையைச் சூழ்ந்தது. உள்ளே பிரெஞ்சுக் கைதிகள் மட்டும் சுமார் 500 பேர். காவலிருந்த ஐரோப்பியர் அதைவிட மிகக் குறைவு. இன்று மன்னார்புரம், பொன்மலை என்று வீடுகள் நெருங்கியிருக்கும் தெற்குப் புறம் அன்று திறந்தவெளி. மதுரையிலிருந்து வருபவர் அந்தப் பக்கமாகத்தான் வர வேண்டும் என்று பிரெஞ்சுத் தளபதி தோத்தேய் அங்கே நிலைகளை அமைத்துக் காத்திருந்தார். கிழக்கே திருவெறும்பூர்ப் பக்கத்து வயல்களில் தண்ணீர் கட்டியிருந்ததால் படை நடக்க முடியாது என்று காவல் போடவில்லை. கெய்லாட் தம் முகாமில் எதிரியின் ஒற்றர்கள் கலந்திருப்பதை அறிந்து, தெற்கு வழியே வருவதுபோல் போக்குக் காட்டினார். இருட்டியதும் வயலுக்குள் இறங்கினார். முழங்கால் சேற்றில் இரவெல்லாம் நடந்த படை விடியற்காலையில் கோட்டையை நெருங்கியது. தோத்தேய் அடுத்த நாளே முற்றுகையைக் கைவிட்டார். டெல்டாவில் நாற்று நடுகிற எவரும் அந்த வயலைக் கடக்க முடியாதது என்று சொல்லியிருக்கமாட்டார்கள். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், கேட்காமல் விட்டது பிழை, ஆனால் அதில் பாவம் எதுவும் இல்லை.

லாலி கோமகனின் கதை இதற்கு நேரெதிர். 1758இல் பிரெஞ்சுத் தலைமைத் தளபதியாக வந்து இறங்கிய அவர், சாதி வேறுபாடு பாராமல் ஊராரைப் பிடித்துச் சுமை தூக்கவைத்தார். ஐதராபாத்திலிருந்து பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியைத் திருப்பி அழைத்து அங்கிருந்த செல்வாக்கை இழந்தார். பணத்துக்காகத் தஞ்சைமீது படையெடுத்து வெறுங்கையோடு திரும்பினார். போகும் வழியில் கீழ்வேளூர்க் கோயிலைச் சூறையாடினார். தங்கம் என்று எண்ணிய விக்கிரகங்கள் தங்கமாக இல்லை. அங்கிருந்த பிராமணர் அறுவரை ஒற்றர் என்று சந்தேகித்துப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார். பின்னர் சென்னை முற்றுகை தோற்றது. 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் படை உடைந்தது. 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. பாரிசில் நடந்த வழக்கில் மன்னரின் நலனுக்குத் துரோகம் செய்தார் என்று தீர்ப்பாகி, 1766 மே 9 அன்று அவர் தலை வெட்டப்பட்டது.

அவர் துரோகி அல்லர் என்று பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் வாதாடினார். அந்த வாதம் சரியானது. திறமைக் குறைவையும் முன்கோபத்தையும் துரோகமாக எழுதியது ஒரு பேரரசின் அவமானத்துக்கு ஓர் ஆளைக் கண்டுபிடித்த செயல். ஆனால் தோல்விக்காகத் தண்டித்தவர்களும் அந்தத் தண்டனையை எதிர்த்தவர்களும் பேசிக்கொண்டது புதுச்சேரியின் இழப்பைப் பற்றியும் லாலியின் மானத்தைப் பற்றியும்தான். அவர் வேண்டுமென்றே, தம் முழு அதிகாரத்தோடு, எந்த அதிர்ஷ்டத்தின் குறுக்கீடும் இல்லாமல் செய்த செயல் கீழ்வேளூரில் நடந்தது. இராமானுசர் சொல்லும் முதல் முயற்சி அங்கே மறுக்க முடியாதபடி தெளிவாக இருந்தது. 1778இல் பிரெஞ்சு மன்னரின் ஆலோசனைச் சபை அந்தத் தீர்ப்பை ரத்துசெய்தது. செய்தி மரணப்படுக்கையில் இருந்த வால்டேருக்கு எட்டியது. ரத்தானது துரோகத் தீர்ப்பு. கீழ்வேளூர்க் கொலைகள் அந்த வழக்கின் மையமாக ஒருபோதும் இருந்ததில்லை.