‘உங்களுக்கு இது போதும்’

பந்தியில் உட்கார்ந்திருப்பவர் இலைக்கு மேலே கையை நீட்டி ‘போதும்’ என்கிறார். கரண்டி பிடித்திருப்பவரும் அளந்து போட்டுவிட்டு ‘போதும்’ என்கிறார். முதலாவது உண்டவரின் நிறைவு. இரண்டாவது பரிமாறுகிறவரின் கணக்கு. பெண்களாகிய நாம் முதல் ‘போதும்’ சொல்லிப் பழகுவதற்கு முன்பே இரண்டாவதைக் கேட்டுப் பழகிவிடுகிறோம். ‘போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து’ என்ற பழமொழி வீட்டில் யாரை நோக்கி அதிகம் சொல்லப்படுகிறது என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள்.

போதும் என்பது எப்போது அறம், எப்போது வெறும் பழக்கம்? இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. 2023இல், 40,000 ரூபாய்க்குள் எனக்கென ஒரு மேசைக் கணினிக்குப் பாகங்களைத் தேர்ந்தெடுத்தபோது வந்தது.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் அதுவரை இருந்தது ஒரு மடிக்கணினி. 2020இல் ஊரடங்கு வந்து வகுப்புகள் இணையத்துக்குப் போனபோது, அதை மூன்று பேர் பங்கிட்டோம். கணவருக்கு அலுவலகக் கூட்டம், மகனுக்குப் பள்ளி, எனக்குக் கல்லூரி. அட்டவணை போட்டது நான்தான். அந்த அட்டவணையில் என் வகுப்புகளுக்கு இடம் இருந்தது. என் எழுத்துக்கு இடம் இல்லை. அது இரவு 11 மணிக்கு மேல் மிச்சமிருக்கும் நேரத்துக்குப் போயிற்று. யாரும் என்னிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. பரிமாறுகிறவளும் நானே, கடைசியில் உண்பவளும் நானே என்பதால் கணக்கு இயல்பாகவே அப்படி அமைந்தது.

விடைத்தாள் திருத்திய பணமும் ஒரு சீட்டு முடிந்து வந்த பணமும் சேர்ந்து 40,000 இருந்தது. மடிக்கணினி வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்தேன். அது கைக்குக் கை போகும். மேசைக் கணினி ஒரே இடத்தில் நிற்கும். அது நிற்கும் மேசை யாருடையது என்ற கேள்விக்கு வீடு பதில் சொல்லியாக வேண்டும். பாகம் பழுதானால் பாகத்தை மட்டும் மாற்றலாம் என்பது இன்னொரு காரணம்.

அண்ணன் மகன் பொறியியல் படித்தவன். “அத்தை, நீங்க ஏன் வெயில்ல அலையறீங்க? என்ன பட்ஜெட்னு மட்டும் சொல்லுங்க, நான் ஆர்டர் போட்டுடறேன்” என்றான். அன்பாகத்தான் சொன்னான். ஆனால் பட்ஜெட்டை மட்டும் கேட்டான், வேலையைக் கேட்கவில்லை. எனக்கு என்ன தேவை என்பது அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது: டைப் அடிக்க வேண்டும், பாட்டுக் கேட்க வேண்டும். உதவி செய்வதற்கும் முடிவு செய்வதற்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. அன்பானவர்கள்தான் அதை அதிகம் தாண்டுகிறார்கள். அன்பாகத் தாண்டுவதால் நாம் சுட்டிக்காட்டக் கூசுகிறோம். “நீ கூட வா, தெரியாததைக் கேட்கறேன். ஆனா லிஸ்ட் நான் போடறேன்” என்றேன்.

அண்ணா சாலையிலிருந்து பிரியும் ரிச்சி தெருவும் நரசிங்கபுரம் தெருவும் சென்னையின் மின்னணுச் சந்தை. வானொலி உதிரிப் பாகங்கள் விற்ற காலத்திலிருந்து இருக்கும் சந்தை. இன்று ஒரு தூணளவு அகலமுள்ள கடையில்கூடக் கணினி பாகங்கள் கூரைவரை அடுக்கியிருக்கும். நான் பேசினேன், கடைக்காரத் தம்பி பதிலை அண்ணன் மகனைப் பார்த்துச் சொன்னார்.

“சாருக்கா, பையனுக்கா மேடம்?”

“எனக்குத்தான்.”

“டைப்பிங், நெட் பாக்கறது... அவ்வளவுதானே? அப்ப உங்களுக்கு இது போதும்.”

அடுத்த கடையில் நேர் எதிர்: “இன்னும் அஞ்சாயிரம் போட்டீங்கன்னா கிராபிக்ஸ் கார்டோட வாங்கிடலாம் மேடம். நாளைக்குப் பையன் கேம் ஆடுவான்ல?” இருவரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒருவர் என் தேவையைச் சுருக்கினார், மற்றவர் பெருக்கினார். என் தேவை என்ன என்று இருவருமே கேட்கவில்லை.

தி. நகர் உஸ்மான் சாலையை நினைத்துக்கொண்டேன். அங்கே ஒரு நகைக்கடையில் பள்ளிப் படிப்பைத் தாண்டாத பெண் உட்கார்ந்து, கிராம் விலை, சேதாரம், செய்கூலி, கல்லுக்குக் கழிக்க வேண்டிய எடை என்று மனக்கணக்காகவே பேரம் பேசுவார். அவருக்குக் கணக்குத் தெரியாது என்று எந்தக் கடைக்காரரும் நினைப்பதில்லை. அதே பெண் சில கிலோமீட்டர் தள்ளி ரிச்சி தெருவுக்கு வந்தால், பதில் அவருக்குப் பக்கத்தில் நிற்கும் ஆணிடம் போய்விடுகிறது. எதை வாங்குபவளாக நாம் எதிர்பார்க்கப்படுகிறோமோ அதில் மட்டும் நம் அறிவு அங்கீகரிக்கப்படுகிறது. நகை குடும்பத்தின் சேமிப்பு. ஆகவே அதைப் பற்றிய பெண்ணின் அறிவு குடும்பத்துக்குப் பயன்படுகிறது. ஒரு பெண் தன் வேலைக்கான கருவியைப் பற்றி அறிந்துவைத்திருந்தால் அது யாருக்குப் பயன்படும்?

என் பட்டியலின் முதல் வரியில் எந்தப் பாகத்தின் பெயரும் இல்லை. என் வேலைகளை எழுதினேன். பழைய பெண்கள் இதழ்களின் வருடிய பக்கங்கள், ஒவ்வொரு கோப்பும் சில நூறு பக்கம். நான்கைந்தை ஒரே நேரத்தில் திறந்து ஒப்பிட வேண்டும். அந்தப் படங்களை எழுத்தாக மாற்றும் மென்பொருள் ஓட வேண்டும். பக்கத்திலேயே நான் எழுதும் கோப்பும் வேண்டும். விளையாட்டு இல்லை, காணொளித் தொகுப்பு இல்லை.

வேலையை எழுதியதும் பாகங்கள் தாமாகவே வரிசைக்கு வந்தன. தனி கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. திரைக்கான வேலையைத் தானே செய்யும் ரைசன் 5 5600ஜி புராசஸர் 11,800. அதற்குப் பொருந்தும் மதர்போர்டு 6,400. ரேம் 16 ஜிபி, 3,300. அதை ஒரே கார்டாக வாங்காமல் 8 ஜிபி வீதம் இரண்டாக வாங்கினேன். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாதபோது திரையின் சுமையும் இதே ரேம் மீதுதான் விழுகிறது. இரண்டு வழியாகத் தரவு போய்வந்தால் சுமை இலேசாகும். எஸ்.எஸ்.டி. 2,900. மானிட்டர் 7,600, நாள் முழுதும் எழுத்தையே பார்க்கும் கண்ணுக்கு அதில் குறைக்க மனமில்லை. கீபோர்டும் மவுசும் 900. கேபினெட் 1,900, கண்ணாடிப் பக்கமும் வண்ண விளக்கும் வேண்டாம்.

மிச்சம் எஸ்.எம்.பி.எஸ். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றி மற்ற எல்லாப் பாகங்களுக்கும் கொடுக்கும் பெட்டி. “கேபினெட்டோட சேர்ந்தே ஒண்ணு வரும் மேடம், தனியா எதுக்கு?” என்றார்கள். மலிவான எஸ்.எம்.பி.எஸ். போட்டாலும் கணினி ஓடும். வேகத்தில் எந்த வேறுபாடும் தெரியாது. ஆனால் மின்னழுத்தம் ஏறி இறங்கும் கோடைநாளில் அது எரிந்தால், தான் மட்டும் எரியாமல் மதர்போர்டையும் வட்டையும் சேர்த்து எரிக்கக்கூடும். எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தில் குறைந்தது 80 விழுக்காட்டையாவது வீணாக்காமல் கொடுக்கும் என்பதற்கான ‘80 பிளஸ்’ சான்று பெற்றதாகப் பார்த்து 3,200க்கு வாங்கினேன். மொத்தம் 38,000.

பட்ஜெட் இடிக்கும்போது எல்லாரும் முதலில் கைவைப்பது இந்தப் பெட்டியில்தான், ஏனென்றால் அதில் வெட்டினால் வெளியே தெரியாது. வீட்டு வரவுசெலவிலும் இதுதானே நடக்கிறது? பள்ளிக் கட்டணத்தில் வெட்ட முடியாது. கல்யாண மொய்யில் வெட்டினால் ஊருக்குத் தெரியும். சமைத்தவளின் தட்டில் வெட்டினால் தெரியாது. அவளுடைய மருத்துவப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டால் தெரியாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 விழுக்காடு. இதற்கு உடல் சார்ந்த காரணங்கள் பல உண்டு. எல்லாரும் உண்டபின் மிஞ்சியதை உண்பதும் அவற்றில் ஒன்று. அந்த மிச்சத்துக்கு நாம் சூட்டியிருக்கும் பெயர் சிக்கனம்.

உண்ணாநோன்பு இருப்பவர், பட்டினி கிடப்பவர் இருவர் வயிற்றிலும் உணவு இல்லை; ஆனால் நோன்பிருப்பவருக்கு உண்ணும் வாய்ப்பு இருக்கிறது என்று அமர்த்திய சென் வேறுபடுத்திக் காட்டியிருக்கிறார். சிக்கனமும் அப்படித்தான். வாய்ப்பை அறிந்து வேண்டாம் என்பவளின் ‘போதும்’ நோன்பு. அது கையெட்டும் தூரத்தில் இருந்ததே இல்லை என்பவளின் ‘போதும்’ பட்டினி. எட்டாத திராட்சையைப் புளிக்கும் என்ற நரியின் கதையை வைத்து யோன் எல்ஸ்டர் 1983இல் ஒரு நூலே எழுதினார்: கிடைக்காததற்கேற்ப மனம் தன் விருப்பத்தையே சுருக்கிக்கொள்கிறது. மார்த்தா நுஸ்பாம் இதை இந்தியப் பெண்களின் வாழ்க்கையில் வைத்துப் பேசினார். இந்த வாதத்தோடு எனக்கு ஒரு சின்னத் தயக்கம் உண்டு. நம் அம்மாக்களின் ‘போதும்’ எல்லாமே ஏமாற்று என்று சொல்லிவிட்டால் அவர்களுடைய அறிவையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறோம். நகைக்கடையில் அந்தக் கணக்கைப் போட்டவர்கள் அவர்கள்தான். பட்ஜெட் போடும் கலை அவர்களிடம் குறைவின்றி இருந்தது. அந்தக் கணக்கில் தங்கள் பெயரில் ஒரு வரி எழுதிக்கொள்ளும் உரிமைதான் இல்லை.

என்னிடம் படித்த ஒரு மாணவி, தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பள்ளியில் கணினி பெற்றவள். கல்லூரியில் கட்டுரைகளைக் கையால் எழுதிக்கொண்டு வருவாள். கேட்டபோது, “பாஸ்வேர்ட் அண்ணன்கிட்ட இருக்கு மேம்” என்றாள். பொருள் அவள் பெயரில் இருந்தது, திறவுகோல் வேறு கையில். அதே ஆய்வில், ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் 33 விழுக்காடு, ஆண்கள் 57. அரசு கொடுத்தாலும், கணவர் வாங்கித் தந்தாலும், பொருள் வந்து சேர்வது பாதி வழிதான். அதைத் திறக்கவும் மாற்றவும் பழுது பார்க்கவும் தெரிந்திருப்பது மீதிப் பாதி.

தமிழில் இதை முன்பே செய்து காட்டியவர் ஒருவர் திருவல்லிக்கேணியில் வாழ்ந்தார். வை.மு. கோதைநாயகி சிறுவயதில் மணமாகி, பள்ளிப் படிப்பில்லாமல், தன் முதல் நாடகத்தைத் தோழியிடம் வாயால் சொல்லி எழுதவைத்தவர். பிறகு தானே எழுதக் கற்றார். 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நடத்தினார். பின்னர் சொந்தமாக அச்சகமும் வைத்துக்கொண்டார். அவருடைய நாவல்களின் எண்ணிக்கையைச் சொல்கிறவர்கள் அச்சகத்தைக் கடந்துபோய்விடுகிறார்கள். எழுதும் மனம் எவ்வளவு முக்கியமோ, எழுத்தை வெளியே கொண்டுவரும் இயந்திரம் யார் கையில் இருக்கிறது என்பதும் அவ்வளவு முக்கியம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இங்கே ஒரு மறுப்பை எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டும். நாற்பதாயிரத்தைத் தனக்கென ஒதுக்க முடிகிற, நிரந்தர வேலையில் இருக்கும் பேராசிரியையின் ‘போதும்’ இது. மின்னணுப் பொருள்கள் இந்த விலைக்குக் கிடைப்பதற்கு வேறு பெண்களின் ‘போதும்’ காரணமாக இருக்கிறது. சென்னையிலிருந்து 40 கிலோமீட்டர் தொலைவில் ஸ்ரீபெரும்புதூரில், ஃபாக்ஸ்கான் ஆலையில் கைப்பேசிகளைக் கோப்பவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சாகிப் பலர் மருத்துவமனைக்குப் போனபோது, அவர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை சில வாரம் மூடப்பட்டு 2022 ஜனவரியில் திறந்தது. என் மதர்போர்டு அங்கே செய்யப்பட்டதல்ல. ஆனால் மின்னணுப் பாகங்களை நுணுக்கமாகக் கோக்கும் வேலைக்குப் பெண்களின் விரல்களையே தேடும் உலகம், அதே பாகங்களை விற்கும் இடத்தில் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்கிறது. கோக்கும் விரலும் தேர்ந்தெடுக்கும் விரலும் ஒரே பெண்ணுடையதாக இருக்கலாம் என்று அதற்குத் தோன்றுவதில்லை. அந்த நெடுஞ்சாலையில் உட்கார்ந்தவர்கள் சொன்னதும் ‘போதும்’தான், இதற்கு மேல் பொறுக்க முடியாது என்ற, நம் மொழியில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் மூன்றாவது பொருளில்.

ஆகவே போதும் என்பதை அறமாக்க மூன்று நிபந்தனைகள் வைப்பேன். சொல்பவள் தன் தேவையைத் தானே எழுதியிருக்க வேண்டும். வேறு என்னென்ன கிடைக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். குறைக்கப்பட்டது கண்ணுக்குத் தெரியாத இடத்தில், வாயில்லாத ஒருவர் தலையில் இறங்கியிருக்கக் கூடாது. மூன்றாவதை என்னால் முழுதாக நிறைவேற்ற முடியவில்லை. வாங்கியதை எளிதில் தூக்கிப்போடாமல், பாகம் பாகமாக மாற்றிப் பல ஆண்டுகள் ஓட்டுவது அதில் என்னால் முடிகிற ஒரு பகுதி.

மாணவிகளுக்கு ஒன்று சொல்வேன். கணினியோ தையல் இயந்திரமோ வண்டியோ, உங்கள் முதல் கருவியை வாங்கும்போது விலைப்பட்டியலுக்கு முன்னால் உங்கள் வேலைப் பட்டியலை எழுதுங்கள். கடையில் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். மீதி 2,000 ரூபாய் கையில் இருந்தபோது, மாதக் கடைசி என்பதால் மளிகைக்கு ஆகட்டுமே என்றுதான் கை முதலில் போனது. அதைத் தனி உறையில் போட்டு, மேலே ‘யூ.பி.எஸ்.’ என்று எழுதி வைத்தேன். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் சேர்த்து வாங்கினேன்.