கேபினுக்கு மதிப்பெண் இல்லை

ஒரு லாரியில் எத்தனை பாகங்களை மாற்றினால் அது வேறு லாரியாகிவிடுகிறது? பிரிட்டனின் வாகனப் பதிவு இலாகா பல ஆண்டுகள் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தது. பெருமளவில் மாற்றிக் கட்டப்பட்ட வண்டி தன் பழைய பதிவெண்ணைத் தக்கவைத்துக்கொள்ள 8 மதிப்பெண் பெற்றாக வேண்டும். சேஸிஸ் பழையதாகவே இருந்தால் 5. ஸஸ்பென்ஷனுக்கு 2, அச்சுகளுக்கு 2, டிரான்ஸ்மிஷனுக்கு 2, ஸ்டியரிங்குக்கு 2, எஞ்சினுக்கு 1. தீஸியஸின் கப்பலைப் பற்றி ப்ளூட்டார்க் எழுதிவைத்த நாளிலிருந்து தத்துவவாதிகள் மாரடித்துக்கொண்டிருக்கும் ஒரு பிரச்னையைக் கூட்டல் கணக்காக்கி முடித்துவிட்டார்களே என்று சிரிக்கலாம்தான். எனக்கு உறைத்தது வேறு. அந்தப் பட்டியலில் கேபின் இல்லை. மனிதன் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பூஜ்யம்.

பழைய கனரக லாரிகளைத் தேடிப்பிடித்து, பண்ணைக் கொட்டகைகளில் நிறுத்தி, வார இறுதிகளில் கழற்றி மாட்டிச் சீராக்கி ஓடவைப்பது இங்கிலாந்தில் ஒரு பொழுதுபோக்கு. 1958இல் இதற்கென ஒரு சங்கம் தோன்றியது. 1962இலிருந்து லண்டனுக்கும் பிரைட்டனுக்கும் இடையே பழைய வணிக வண்டிகளின் ஓட்டம் நடக்கிறது. பழைய கார் சேகரிக்கும் தனவந்தர்களின் உலகம் வேறு. இங்கே வருகிறவர்கள் ஓய்வுபெற்ற ஃபிட்டர்கள், விவசாயிகள், டிரைவர்களின் பிள்ளைகள். நான் லங்காஷையரில் வசிக்க நேர்ந்ததால் இப்படிப்பட்ட இருவரோடு சேர்ந்து கையை அழுக்காக்கிக்கொள்கிறேன். ஒருவர் ஃபிட்டராக இருந்தவர். மற்றவரின் தந்தை லாரி டிரைவர்.

எங்கள் கொட்டகையில் நிற்பது 1951இல் செய்யப்பட்ட லேலண்ட் ஆக்டோபஸ். எட்டுச் சக்கரம், 9.8 லிட்டர் டீசல் எஞ்சின், 125 குதிரைசக்தி. அந்த வருஷத்துச் சட்டப்படி சரக்கோடு சேர்த்து 22 டன் எடை போகலாம். மணிக்கு 20 மைலுக்கு மேல் போகக்கூடாது. இந்த வேக வரம்பு 1957இல்தான் 30 மைலாக உயர்ந்தது. இப்படியொரு வண்டியை வடக்கே ஸ்காட்லாந்துக்கு ஓட்டுகிறவன் ஷாப் மேட்டில் ஏறி இறங்கவேண்டும். 1300 அடிக்கு மேல் ஏறும் பாதை, பனி, கேபினில் ஹீட்டர் கிடையாது. 1970இல் எம்-6 நெடுஞ்சாலை அந்தப் பக்கம் திறக்கப்பட்ட பிறகு பழைய சாலை வெறிச்சோடிவிட்டது. மேட்டின் உச்சியில் அந்த டிரைவர்களுக்கும், பனியில் மாட்டிக்கொண்டவர்களுக்குச் சோறும் கூரையும் கொடுத்த உள்ளூர்க்காரர்களுக்கும் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. லாரி டிரைவர்களுக்காக நட்ட கல் உலகத்தில் வேறு எத்தனை இருக்கிறதோ.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வண்டியின் கதவைச் சுரண்டியபோது மேலே மெரூன் நிறமும் மஞ்சள் கோடுகளும். அதன் கீழே சாம்பல் பூச்சு. அதற்கும் கீழே சிவப்பு. 1948இல் போக்குவரத்து தேசியமயமானபோது பிறந்த அரசு நிறுவனமான பிரிட்டிஷ் ரோடு சர்வீஸஸின் சிவப்பு அது. மெரூன் பூசியது ராட்டினமும் மின்சாரக் கார்களும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகத் திருவிழாவுக்குப் போகும் ஒரு குடும்பம். அறுபதுகளில் சல்லிசாக வாங்கி, சரக்குத்தட்டை வெட்டிக் குறுக்கி, கேபினுக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஏற்றி, சுமார் 25 வருஷம் ஓட்டியிருக்கிறார்கள். அரசாங்கம் ஓட்டியதைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகமான காலம். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கனரக லாரிகளில் பெரும்பாலானவை உழைத்துத் தேய்ந்ததும் கடையில் வெட்டி விற்கப்பட்டவை. தப்பிப் பிழைத்தவற்றில் கணிசமானவை இப்படி ராட்டினக்காரர்களிடமோ, கவிழ்ந்த வண்டிகளை இழுக்கும் கராஜ்களிடமோ போய்ச்சேர்ந்தவை. அவர்கள்தான் காப்பாற்றினார்கள். ஆனால் லாரியைச் சீராக்க உட்காருகிறவன் முதலில் செய்வது என்ன? அவர்கள் செய்த அத்தனையையும் வெட்டி எறிவது. ஜெனரேட்டர் மேடை போகிறது. மஞ்சள் கோடு போகிறது. வண்டி விற்கப்பட்ட முதல் நாளுக்குத் திரும்பவேண்டும் என்பது எழுதப்படாத சட்டம்.

ஏன் அந்த முதல் நாள்? அன்றைக்கு அந்த வண்டி ஒரு மூட்டைகூடச் சுமக்கவில்லை. உழைப்பு அதைத் தொடாத ஒரே நாள் அதுதான். உழைப்பாளியின் வண்டி என்று கொண்டாடிக்கொண்டே, உழைப்பின் தடம் விழாத நிலையைத் தேடிப்போகிறோம். கதவில் முதலாளியின் பெயர் அழகாக எழுதப்படுகிறது. அன்றும் டிரைவரின் பெயர் அங்கே இல்லை. இன்றும் இல்லை. லேலண்ட் ஊரில் 1983இல் திறந்த வணிக வாகன அருங்காட்சியகத்தில், 1982இல் போப் பிரிட்டன் வந்தபோது அவர் நின்று கையசைக்கச் செய்த லேலண்ட் வண்டி இருக்கிறது. சில நாள் பயணம்தான். அதில் நின்றவர் யார் என்பதாலேயே அது அங்கே நிற்கிறது. சுற்றியிருக்கும் மற்ற வண்டிகளின் இருக்கைகளில் வருஷக்கணக்காக உட்கார்ந்தவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

கட்டிடங்களின் விஷயத்தில் இந்தச் சண்டை பழையது. புனரமைப்பு என்பதே பொய் என்று ரஸ்கின் 1849இல் கோபப்பட்டார். எது போய்விட்டதோ அதைச் செய்த கையும் அந்தக் கணமும் போய்விட்டன என்பது அவர் வாதம். அவரைப் பின்பற்றிய வில்லியம் மாரிஸ் 1877இல் பழங்கட்டிடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியபோது, அதற்குச் ‘சுரண்டல் எதிர்ப்பு’ என்று செல்லப்பெயரே வைத்தார்கள். சுரண்டல் என்றால் சுவரைச் சுரண்டுவதுதான். தமிழில் இந்த வார்த்தை கூடவே இன்னொரு அர்த்தத்தையும் இழுத்துக்கொண்டு வருவது ஆங்கிலேயருக்குக் கிடைக்காத பாக்கியம். எதிர்த் தரப்பில் பிரெஞ்சுக்காரர் வியோலே-லெ-துய்க். புனரமைப்பு ஒரு கட்டிடத்தை முழுமைக்குக் கொண்டுசேர்க்கிறது. அந்த முழுமை எந்தக் காலத்திலும் இருந்திராத ஒன்றாகக்கூட இருக்கலாம் என்று அவர் கூசாமல் சொன்னார். லாரிக் கொட்டகைகளில் அவரைப் படித்தவர்கள் யாருமில்லை. ஆனால் அவருடைய சீடர்கள்தான் எல்லோரும். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோதுகூட இவ்வளவு பளபளப்பாக எந்த லாரியும் இருந்ததில்லை. நம் ஊர்க் கோயில்களில் திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சு இயந்திரத்தால் கல்வெட்டெழுத்துகள் மழுங்கடிக்கப்பட்டதைப் பற்றி நாம் நிறைய எழுதிவிட்டோம். அதே வகை இயந்திரம்தான் இங்கே சேஸிஸ் துருவை நீக்குகிறது. இரும்பு, மணல், காற்றழுத்தம். பத்து நிமிஷத்தில் அறுபது வருஷம் தரையில் தூசியாகக் கிடக்கும்.

அசலுக்கு விசுவாசம் என்ற வாதத்தில் எனக்கு இருக்கும் சந்தேகத்துக்கு இன்னொரு காரணம் பிரேக். அன்றைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. டிரம்மைத் திறந்து தூசியை ஊதித் துடைத்த ஃபிட்டர்களின் நுரையீரலுக்குள் அது போனது. 1999இல் பிரிட்டன் ஆஸ்பெஸ்டாஸை முற்றிலுமாகத் தடைசெய்தது. ஸ்க்ரூவின் தலை அந்தக் காலத்து மோஸ்தரில் இல்லை என்று ராத்தூக்கம் கெடுகிறவர்கள்கூட ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத பிரேக்கைப் பற்றி மூச்சு விடுவதில்லை. யாரும் அதைக் கேட்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. கண்ணுக்கு இதமான அசலைத்தான் நாம் தேர்ந்துகொள்கிறோம், கொன்ற அசலை அல்ல என்பதை ஒத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் எதையும் தொடாமல், துருவோடும் ஒட்டுகளோடும் விட்டுவிடுவதுதான் நேர்மையா? எண்ணெய்த் துணியால் துடைத்து ஓடவைத்தால் போதும் என்று ஒரு கட்சி இங்கே வளர்ந்துவருகிறது. என் சாய்வும் அந்தப் பக்கம்தான். ஆனால் அதிலும் ஒரு ரொமான்டிக் சபலம் உண்டு. எங்கள் வண்டியின் கிளட்ச் பெடல் இடது ஓரத்தில் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. கால் வைத்துப் பார்த்தால், கியருக்கு இரண்டு தடவை கிளட்ச் மிதித்து ஷாப் மேட்டில் ஏறிய ஒருவனின் பூட்ஸ் தெரிகிறாற்போல் இருக்கும். வான்கா வரைந்த தேய்ந்த காலணிகளைப் பார்த்து ஹைடெக்கர் ஒரு குடியானவப் பெண்ணின் மொத்த வாழ்க்கையையும், மண்ணின் ஈரத்தையும் வாசித்தார். 1968இல் மேயர் ஷாப்பிரோ, அவை எந்தக் குடியானவளுடையதும் அல்ல, நகரத்தில் வசித்த வான்கா தாமே போட்டுக்கொண்ட காலணிகள் என்று வாதிட்டார். ஆக, இந்தப் பெடலைத் தேய்த்தது யார்? அரசாங்க டிரைவரா, ராட்டினக் குடும்பத்தின் மருமகனா? இரும்பு அதைச் சொல்லாது. தேய்மானத்தை வழிபடுகிறவனும், இல்லாத ஒருவனுக்கு ஒரு வாழ்க்கையைத் தானே எழுதிக்கொடுத்துவிடுகிறான். அழிக்கிறவனைவிட இவன் மேல் என்பேன். அழித்த பிறகு யாரும் தப்பாகக்கூட வாசிக்க முடியாது.

நம் பக்கத்தில் இந்தப் பிரச்னை எழவே இல்லை என்பது யோசிக்கத்தக்கது. 1948இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955இல் அசோக் லேலண்ட் ஆன எண்ணூர்த் தொழிற்சாலையும் இதே லேலண்டின் வாரிசுதான். அங்கே ஐம்பதுகளில் உருவான காமெட், வெறும் சேஸிஸும் முகப்பும் எஞ்சினுமாக விற்பனைக்குப் போகும். பெட்டி மாதிரி ஏதோ ஒன்றின்மேல் உட்கார்ந்து, வெயிலில் முக்காடு போட்டு டிரைவர் ஓட்டிப்போக, கேபினையும் பாடியையும் பிறகு ஏதோ ஒரு பட்டறையில் ஆசாரிகள் மரத்தில் கட்டுவார்கள். இதில் முதல் நாள் எது? தொழிற்சாலை வாசலா, பட்டறையில் கண்ணுக்கு மை எழுதிப் பூசணிக்காய் உடைத்த நாளா? அதற்குப் பிறகும் எஞ்சின் மாறும், பாடி மாறும், நிறம் மாறும். பழுதுபார்த்தல் என்பது அங்கே நின்றதே இல்லை. பழுதுபார்க்கிறவனுக்கு நாளைக்கு லோடு ஏற்றவேண்டும். புனரமைக்கிறவனுக்கு நேற்றுதான் வேண்டும். தீஸியஸின் கப்பல் பிரச்னையே, கப்பலைத் துறைமுகத்தில் கட்டிப்போட்டு நினைவுச்சின்னமாக்கியதால் வந்தது. கடலில் போய்க்கொண்டிருந்தால் பலகை மாற்றியதை யார் எண்ணிக்கொண்டிருப்பார்கள்? இதற்காக நாமக்கல் பட்டறையை லங்காஷையர் கொட்டகையைவிட உயர்ந்த ஞானம் என்று தூக்கிவைக்க நான் தயாரில்லை. அங்கேயும் டிரைவரின் பெயரைவிட முதலாளி மகளின் பெயர்தான் கொட்டையெழுத்தில் இருக்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, சனிக்கிழமை காலையில் ஏன் அங்கே போய் நிற்கிறேன்? இறுகிப்போன பிஸ்டன்மேல் டீசலை ஊற்றி வாரக்கணக்கில் காத்திருந்து, ஒரு நாள் பிளைவீலை நெம்பும்போது அது நூலளவு அசைவதைக் கை அறிந்துகொள்ளும் கணத்துக்காக. வால்வுகள் 12. ஒவ்வொன்றின் விளிம்பிலும் கிரைண்டிங் பேஸ்டைத் தடவி, உள்ளங்கைகளுக்கிடையே குச்சியை வைத்து மோர் கடைகிற மாதிரி முன்னும் பின்னுமாக உருட்டவேண்டும். முதலில் கரகரக்கும் சத்தம் மெல்ல மிருதுவாகி, வெளிறிய வளையம் ஒரே சீராக விழும்போது நிறுத்தவேண்டும். எப்போது நிறுத்துவது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. 1951இல் இதைச் செய்தவனின் தோள் எங்கே வலித்திருக்குமோ அங்கேதான் எனக்கும் வலிக்கிறது. ஹைடெக்கருக்குக் கிடைக்காத ஆதாரம் இது. பெயரையும் முகத்தையும் தராது. வேலையின் அளவை மட்டும் தரும். இந்த அறிவைக் கண்காட்சியில் வைக்க முடியாது. எஞ்சினை மூடியதும் அது என் கையோடு போய்விடும்.

கேபினைப் பிரித்தபோதும் இதுதான் நடந்தது. வெளிப் பட்டறையொன்றில் கட்டிய கேபின். ஆஷ் மரச் சட்டத்தின்மேல் தகடு. அடிப்பக்க மரமெல்லாம் உளுத்துப்போய் விரலால் பிட்டால் வந்தது. தகட்டைக் கழற்றிய இடத்தில், மரத்தின் உட்புறம், தச்சர் பென்ஸிலால் எழுதிய ஒரு எண்ணும், இடப்பக்கம் என்பதற்கான இரண்டு எழுத்துகளும். செய்தவரையும் எங்களையும் தவிர வேறு யார் கண்ணிலும் அது பட்டிருக்காது. உடைத்ததால்தான் கண்டோம். தொடாமல் வைத்திருந்தால் உள்ளேயே உளுத்துப்போயிருக்கும். என் கட்சிக்கு இது சாதகமான சாட்சியம் அல்ல.

நிறத்தைப் பற்றி எங்களுக்குள் தகராறு. மெரூனையும் மஞ்சள் கோட்டையும் அப்படியே விடலாம், காப்பாற்றியவர்களுக்கு அது நாம் செய்யவேண்டிய மரியாதை என்று நான் வாதாடினேன். டிரைவரின் பிள்ளை நெடுநேரம் பேசாமல் இருந்தார். அவருடைய அப்பா ஓட்டியது இந்த வண்டி இல்லை, ஆனால் இதே நிறுவனத்தின் சிவப்பு வண்டி. தன் அப்பாவின் பெயரை எந்தக் கதவிலும் யாரும் எழுதியதில்லை, அந்தச் சிவப்பு எல்லோருடையதாகவும் இருந்ததால் கொஞ்சம் அவருடையதாகவும் இருந்தது என்றார். முதல் நாள் என்று நான் இளக்காரமாகப் பேசியது அவருக்கு முதலாளியின் நாள் இல்லை. அரசாங்கம் 1953இல் லாரிகளைத் திரும்பத் தனியாருக்கு விற்கத் தொடங்குவதற்கு முந்தைய இரண்டு வருஷம். அவரிடம் சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. ராட்டினக் குடும்பத்துக்காகப் பேச அந்தக் கொட்டகையில் அவர்களில் ஒருவரும் இல்லை என்று மட்டும் சொன்னேன். பெயின்ட் இன்னும் வாங்கவில்லை.

இதற்கிடையே ஃபிட்டர் புதிய ஆஷ் மரத்தை அறுத்துச் சட்டம் பூட்டிக்கொண்டிருக்கிறார். பழைய துண்டு ஒவ்வொன்றையும் பக்கத்தில் வைத்து அளந்து, புதிய துண்டின் உட்புறம் காதிலிருந்து பென்ஸிலை எடுத்து அதே எண்ணையும் அதே இரண்டு எழுத்துகளையும் எழுதுகிறார். இது நினைவுக்காகவா, இல்லை அசல் மாதிரி இருக்கவேண்டும் என்பதற்காகவா என்று கேட்டேன். எழுதாவிட்டால் பூட்டும்போது இடமும் வலமும் குழம்பிவிடும் என்றார்.