தலைமாற்று

சவூதியின் யான்பு கைத்தொழில் நகரில், 1990ஆம் ஆண்டு, ஹைதராபாத்காரரான ஒரு எஞ்சினியரின் வீட்டில் ஏசி திருத்திக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஆட்டத்தை முதன்முதலாகப் பார்த்தேன். பத்து வயதுப் பையன் ஒருவன் ரிவிக்கு முன்னால் இருந்து அழுதுகொண்டிருந்தான். அமெரிக்காவிலிருந்து மாமன் கொண்டுவந்து கொடுத்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2’. முதலாவது மாரியோவில் எதிரியின் தலையில் குதித்தால் எதிரி நசுங்கிப்போவான். இதிலோ எதிரி மாரியோவைத் தலையில் சுமந்துகொண்டு ஒன்றும் நடவாததுபோல் நடந்துபோகிறான். அவனைத் தூக்கி எறிய வேண்டும், இல்லாவிட்டால் மண்ணிலிருந்து கிழங்கைப் பிடுங்கி அவன்மேல் எறிய வேண்டும். “அங்கிள், இது மாரியோ இல்லை. வேறு யாரோ மாரியோ மாதிரி வேசம் போட்டிருக்கிறான்” என்றான் பையன். எனக்கிருந்த அரைகுறை இந்தியில் அப்படித்தான் விளங்கிற்று.

ஏணியில் நின்றபடியே சிரித்தேன். இறங்கும்போது கால் கொஞ்சம் நடுங்கியது. என் சட்டைப்பையில் இருந்த இக்காமாவில் படம் என்னுடையது. பெயர் வேறொருவனுடையது.

பையன் சொன்னது சரி என்பது பல வருடங்களுக்குப் பிறகு, இங்கே பாரிஸில், என் மகன் மூலமாகத் தெரியவந்தது. உண்மையான இரண்டாவது மாரியோ 1986 ஜூனிலேயே ஜப்பானில் வெளியாகிவிட்டது. முதலாவதைப் போலவே இருந்தது, ஆனால் மிகக் கடினமானது. நின்ரெண்டோவின் அமெரிக்கக் கிளை அதை வேண்டாமென்றது. அதற்குப் பதிலாக இன்னொரு ஆட்டத்தை எடுத்தார்கள். ஃபுஜி தொலைக்காட்சி நடத்திய ஒரு விழாவையொட்டி நின்ரெண்டோவே செய்து, 1987 ஜூலையில் வெளியான ‘டோக்கி டோக்கி பனிக்’. அதில் இருந்தவர்கள் தலைப்பாகையும் அராபியக் கதைகளின் உடுப்புமாக ஒரு குடும்பம்: இமாஜின், அவனுடைய தோழி லினா, அம்மா, அப்பா. ஒரு புத்தகத்துக்குள் இழுத்துச் செல்லப்பட்ட இரண்டு பிள்ளைகளைத் தேடிப் போகிறார்கள். நால்வரும் தனித்தனியே கடைசிவரை போய்ச் சேர்ந்தால்தான் கதை உண்மையாக முடியும். இந்த நால்வரையும் அழித்து, அவர்களிருந்த இடத்தில் மாரியோ, லுயிஜி, இளவரசி, டோட் ஆகியோரை வைத்து, 1988 அக்டோபரில் அமெரிக்காவில் விற்றார்கள். புதிய ஆட்டத்தில் பிள்ளைகளைத் தேடுவதே இல்லை. எல்லாம் மாரியோ கண்ட கனவு என்று முடிகிறது.

அகதிகளாகிய எங்களிடம் இதற்கொரு சொல் இருக்கிறது. தலைமாற்று.

ஒரு தொடர் தன் வழியிலிருந்து விலகிப்போவது குற்றமா? இல்லை என்பேன். அந்தக் கலப்பினால் மாரியோவின் குடும்பம் பெருத்தது. முகமூடி போட்ட ஷை கையும், நடந்து வந்து வெடிக்கிற பொப்-ஓமும் இரவல் ஆட்டத்திலிருந்து வந்து நிரந்தரக் குடிகளாகிவிட்டன. 1992இல் ஜப்பானே அதை ‘சூப்பர் மாரியோ யூஎஸ்ஏ’ என்ற பெயரில் திரும்பவும் வாங்கிக்கொண்டது. எங்கள் இலக்கியச் சந்திப்புகளில் இதை வைத்து, தூய்மை என்பது பொய், கலப்புத்தான் உயிர் என்று ஒரு மாலை முழுக்கப் பேசலாம். நானும் கை தட்டுவேன். ஆனால் இந்த வாதத்தைச் சொல்லுகிற வாய் எப்போதும் புதிதாக ஒட்டப்பட்ட தலையினுடையதாகவே இருக்கிறது. லினாவின் வாயால் யாரும் இதைச் சொல்லக் கேட்டதில்லை.

பெரியபுராணத்தில் ஒரு சித்தர், செத்துக்கிடந்த இடையன் மூலனின் உடலுக்குள் புகுகிறார். பசுக்கள் அழுததைப் பொறுக்க முடியாத கருணை. பசுக்கள் தேறிவிட்டன. மூலனின் மனைவி வருகிறாள். உனக்கும் எனக்கும் உறவில்லை என்கிறார் அவர். அவருடைய பழைய உடலும் பிறகு கிடைக்கவில்லை. மூலன் என்ற பெயரோடு திரு சேர்ந்துதான் திருமூலர். அவர் பொய் சொல்லவில்லை, எதையும் திருடவுமில்லை. என்றாலும் கருணை பசுக்களோடு நின்றுவிட்டதே என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அந்தப் பெண்ணுக்கு அன்றிரவு உலை வைத்தது யார்?

என் விசயமும் அதுதான். 1988இல் எங்கள் ஒழுங்கையில் ஒருவனுக்குச் சவூதி விசா வந்தது. வந்த கிழமையே வீட்டைவிட்டு வெளியே போனவன் திரும்பவில்லை. அவனுடைய அம்மாதான் என்னைக் கூப்பிட்டா. “அவன்ரை பேரிலை வந்தது தம்பி, வீணாப் போகக்கூடாது. நீ போ. அவன் வந்தாலும் ஒண்டும் சொல்லமாட்டான்.” கொழும்பில் ஏஜென்சிக்காரன் பாஸ்போட்டில் தலையை மாற்றிக் கொடுத்தான்.

முதல் வருடம் மாதாமாதம் அவவுக்குக் காசு அனுப்பினேன். பிறகு என் தங்கைக்குக் கலியாணம் பேசினார்கள். மூன்று மாதத்துக்கொருமுறை என்றாயிற்று. 1992இல் யான்புவை விட்டு வெளிக்கிட்டபின் அதுவுமில்லை.

அவ எழுதும் கடிதங்கள் காம்புக்கு வரும். உறையின்மேல் மகனின் பெயர். அந்தப் பெயர் இல்லாவிட்டால் என்னிடம் வந்துசேராது. உள்ளே முதல் வரி ‘அன்புள்ள மகனுக்கு’ என்று தொடங்கும். சுகம் விசாரிப்பா, சாப்பாடு விசாரிப்பா, காசு கிடைத்தது என்று எழுதுவா. அந்த முதல் வரி எங்கள் இருவரில் யாருக்கு என்று நான் ஒருமுறையும் கேட்டு எழுதவில்லை. வந்துவிட்ட செய்தியையும் அவவுக்கு அறிவிக்கவில்லை. நான் போனபின்னும் அந்தக் காம்பின் தபால் மேசையில் அவனுடைய பெயருக்குக் கடிதங்கள் வந்து கிடந்திருக்கும்.