அயல்மொழி ஆர்வமும் அறக்கடனும்

பிறமொழியைக் கற்குமாறு மனிதனைத் தூண்டும் காரணங்கள் பல. பிழைப்பு நாடிக் கற்பவர் உளர். ஆள்வோர் ஆணைக்கு அஞ்சிக் கற்பவர் உளர். சமய நூல்களை மூலத்திலேயே ஓத விரும்பிக் கற்பவரும் உளர். இவர்களை நோக்கி உலகம் வினா எழுப்புவதில்லை. ஆனால், ஒரு படக்கதையின்மீதும் ஒரு விளையாட்டின்மீதும் கொண்ட ஈடுபாட்டால் ஓர் இளைஞன் அயல்மொழி ஒன்றைக் கற்கப் புகுந்தால், "இஃது எதற்கு?" என்னும் வினா உடனே எழுகிறது. அவ்விளைஞன் தமிழனாகவும் அம்மொழி ஜப்பானிய மொழியாகவும் இருந்துவிட்டால், வினா மேலும் கடுமையாகிறது. அக்கடுமை நேரியதுதானா என்பது ஆராய்தற்குரியது.

மலேசியாவில் ஜப்பானிய மொழிக் கல்விக்குப் பெரியதொரு வாயிலைத் திறந்தது 1982இல் பிரதமர் டாக்டர் மகாதீர் அறிவித்த கிழக்கை நோக்கும் கொள்கை. ஜப்பானியப் பல்கலைக்கழகங்களுக்குச் செல்லும் மாணவர்க்கான ஆயத்தப் பயிற்சியும் அவ்வாண்டிலேயே மலாயாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிற்று. அன்று அம்மொழியைக் கற்றவர்களுள் பெரும்பாலோர் பொறியியலும் தொழில்நுட்பமும் பயிலச் சென்றவர்கள். இன்று நிலை வேறு. மலாயில் பேசிய டோரேமோனைத் தொலைக்காட்சியில் கண்டு வளர்ந்த தலைமுறை ஒன்று, பின்னர் அனிமே என்னும் அசைபடங்களையும் மங்கா என்னும் படக்கதைகளையும் தேடிச் சென்று, அவற்றின் மூலமொழியையே கற்க விழைகிறது. கோலாலம்பூரில் 2002 முதல் நடைபெற்றுவரும் படக்கதை விழாவிலும், 1977இல் தொடங்கி இப்போது ஷா ஆலாமில் பெருந்திரளாகக் கொண்டாடப்படும் போன் ஒடோரி நடன விழாவிலும் எல்லா இனத்து இளைஞர்களையும் காணலாம். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வளரும் தமிழ்ப்பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர்.

இவ்வார்வத்தின்மீது மூன்று குறைகள் கூறப்படுகின்றன. இது சிறுபிள்ளை விளையாட்டு என்பது ஒன்று. இது தாய்மொழிக்கு இழைக்கும் துரோகம் என்பது மற்றொன்று. சயாம் மரண இரயில் பாதையில் மாண்ட நம்மவரை மறக்கும் செயல் இது என்பது மூன்றாவது.

முதற் குறையை எடுத்துக்கொள்வோம். விளையாட்டு இழிந்ததன்று என்பதற்கு ஜப்பானியரின் மரபு விளையாட்டு ஒன்றே போதிய சான்றாகும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் புஜிவாரா நோ தெய்கா என்னும் புலவர் நூறு கவிஞர்களிடமிருந்து ஆளுக்கொரு பாடலாகத் தொகுத்தார் என்பர். அத்தொகுப்பு பிற்காலத்தில் சீட்டு விளையாட்டாக உருப்பெற்றது. கருத்தா என்பது அதன் பெயர். ஒருவர் பாடலை முதலடியிலிருந்து ஓதுவார். பாடலின் பிற்பகுதி மட்டும் எழுதப்பட்ட சீட்டுகள் தரையில் பரப்பப்பட்டிருக்கும். ஓதப்படும் பாடலை அறிந்துகொண்டு உரிய சீட்டை முந்தி எடுப்பவரே வெல்வார். நூறு பாடல்களுள் 7 பாடல்களை முதல் எழுத்தொலியைக் கேட்ட அளவிலேயே அடையாளங்காண இயலும். தேர்ந்த ஆட்டக்காரர் அவ்வொலிக்காகவே மூச்சடக்கிக் காத்திருப்பர். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுப் பழமையுடைய செய்யுள் நூல் ஒன்று, தேர்வுக்காக அன்றி ஆட்டத்திற்காக மனப்பாடம் செய்யப்படுகிறது!

இவ்விளையாட்டை மையமாகக் கொண்டு 2007 முதல் 2022 வரை வெளிவந்த 'சிஹாயபுரு' என்னும் படக்கதையும், அதன் வழிவந்த அசைபடமும், இளையோரைக் கருத்தா ஆட்டத்தின்பால் ஈர்த்தன. அதற்கு முன்பே, 2003இல் நிறைவுற்ற 'ஹிகாரு நோ கோ' என்னும் படக்கதை, நெடுக்கிலும் குறுக்கிலும் 19 கோடுகள் கொண்ட பலகையில் கருங்கற்களையும் வெண்கற்களையும் வைத்தாடும் கோ ஆட்டத்தைச் சிறுவர்களிடையே மீண்டும் பரவச் செய்தது. புதிய பொழுதுபோக்கு, பழைய மரபைக் கைப்பிடித்து அழைத்து வந்திருக்கிறது. ஆகவே, படக்கதையைப் பார்த்து மொழி கற்க வந்தவனைச் சிறுபிள்ளை என்று எள்ளுதல் பொருந்தாது. அவன் நுழைந்த வாயில் சிறியதாயினும், அதனுள்ளே இருக்கும் மண்டபம் பெரியது.

மேலும், தமிழர் இவ்வகையில் இரண்டு அளவுகோல்களைக் கையாளுகின்றனர். 1995இல் வெளிவந்த 'முத்து' என்னும் தமிழ்த் திரைப்படம் 1998இல் ஜப்பானில் திரையிடப்பட்டு, தோக்கியோவில் பல வாரங்கள் ஓடிற்று. இரசினிகாந்தின்பால் கொண்ட விருப்பத்தால் தமிழ் எழுதவும் பேசவும் கற்கத் தொடங்கிய ஜப்பானியர் உளர். அவர்களைக் கண்டு தமிழர் பெருமை கொள்கின்றனர், "திரைப்படம் பார்த்தா மொழி கற்பது?" என்று ஒருவரும் கடிவதில்லை. அங்கே பெருமைக்குரியதாகத் தோன்றுவது இங்கே மட்டும் இழுக்காகத் தோன்றுவது ஏன்? நடுவுநிலைமை என்பது துலாக்கோலை இருபுறமும் ஒன்றாகப் பிடிப்பதேயன்றோ?

எனினும், இன்பம் வாயிலேயன்றி வீடாகாது. அசைபடங்களில் வரும் வீரர்கள் பேசும் ஜப்பானியம் பெரும்பாலும் முரட்டு நடையுடையது. அதில் வரும் 'ஒமாயே' என்னும் முன்னிலைச் சொல்லை ஆசிரியரை நோக்கி ஒரு மாணவன் வழங்கினால், தமிழாசிரியரை 'டா' போட்டு விளித்ததற்கு ஒப்பாகும். அம்மொழியின் மரியாதை வழக்குகள் நுட்பமானவை. அவை வாழ்க்கையில் பழகி அறியத்தக்கவை. எழுத்தோ இன்னும் பெருமலை. அடிப்படை அசையெழுத்துகள் இரு வரிசைகளிலும் 46 வீதம் உள்ளன. அவற்றின்மேல், பொதுப் பயன்பாட்டிற்கென அரசு வரையறுத்த சீனவழி எழுத்துகள் மட்டும் 2,136 ஆகும். பாட்டை இரசித்தவன் இம்மலையடிவாரத்தில் நின்றுவிட்டால், அவன் அம்மொழியின் விருந்தாளி. ஏறத் துணிந்தால்தான் அவன் உறவினன். விருப்பம் உண்மையானதா என்பதை அது தாங்கும் உழைப்பே காட்டிவிடும்.

அத்தகைய உழைப்பிற்கு ஒரு சான்று தமிழ் வரலாற்றிலேயே உண்டு. நொபுரு கராசிமா என்னும் ஜப்பானிய வரலாற்றறிஞர் தமிழ் கற்று, சோழர் காலக் கல்வெட்டுகளை ஆராய்ந்து, அக்கால நிலவுடைமையையும் ஊரமைப்பையும் விளக்கினார். கோலாலம்பூரில் 1966இல் முதல் மாநாட்டை நடத்திய உலகத் தமிழாராய்ச்சி மன்றத்திற்குப் பிற்காலத்தில் அவரே பல்லாண்டுகள் தலைவராக விளங்கினார். 2015இல் அவர் மறைந்தபோது தமிழுலகம் தன்னவர் ஒருவரை இழந்ததாகவே வருந்திற்று. அவர் தமிழைக் கற்றதனால் ஜப்பானிய மொழிக்கு யாதொரு குறையும் நேரவில்லை.

இவ்வுண்மை இரண்டாவது குறைக்கும் விடையாகிறது. தாய்மொழியை நன்கறிந்தவனுக்கு ஜப்பானியம் அந்நியமாகத் தோன்றாது. எழுவாய் முதலிலும் பயனிலை இறுதியிலும் நிற்கும் தொடரமைப்பு இரு மொழிக்கும் பொது. வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின்னே ஒட்டி வருவதும் பொது. தமிழில் 'சாப்பிட்டுப் பார்' என்கிறோம். இங்குப் 'பார்' என்பது கண்ணால் காண்பதன்று, முயன்று அறிவதாகும். ஜப்பானியர் 'தபெத்தே மிரு' என்பர். 'தபெத்தே' என்பது சாப்பிட்டு, 'மிரு' என்பது பார். நம் வினையெச்சமும் துணைவினையும் அங்கே அவ்வாறே நிற்கின்றன! 'கொரே, சொரே, அரே, தொரே' என்னும் அவர்தம் சொற்களுக்கு நேராக 'இது, உது, அது, எது' என்னும் தமிழ்ச் சொற்களை வைக்கலாம். தமிழகப் பேச்சில் மறைந்து, யாழ்ப்பாணப் பேச்சில் இன்றும் வாழும் உகரச் சுட்டை அயல்மொழிப் பாடம் ஒன்று நினைவூட்டுகிறது.

இவ்வொற்றுமைகளைக் கொண்டு இரு மொழிகளும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று முழங்குதல் தகாது. சுசுமு ஓனோ என்னும் ஜப்பானிய அறிஞர் அவ்வுறவை நிறுவப் பல்லாண்டு முயன்றார். மொழியியலாளருள் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. உறவு உண்டோ இல்லையோ, வினையெச்சம் இன்னதென்று தமிழ் வகுப்பில் கற்ற மாணவனுக்கு ஜப்பானிய வகுப்பில் பாதி வழி எளிதாகிறது. தமிழ் இலக்கணத்தை அறியாதவனுக்கோ அவ்வசதி இல்லை. ஆகவே, அயல்மொழி தாய்மொழியின் பகையன்று. தாய்மொழியில் ஒருவன் எவ்வளவு ஊன்றியுள்ளான் என்பதைக் காட்டும் உரைகல்.

விளையாட்டின் நிலையும் இதுவே. சிவப்புப் பயறு நிரப்பிய சிறு பைகளை மேலே வீசிப் பிடிக்கும் ஓதெதாமா என்னும் ஆட்டத்தை ஜப்பானியப் பெண்கள் ஆடுவர். சங்கப் பாடல்கள் குறிக்கும் கழங்காட்டத்தின் சாயல் அதில் உண்டு. மலாய்ச் சிறுமியரின் பத்து செரம்பானும் அவ்வகையினதே. தமிழரின் பல்லாங்குழிக்கு மலாயரின் சோங்காக் தங்கை போன்றது. ஓதெதாமாவின்மேல் விருப்பங்கொண்ட தமிழ்ப்பெண் ஒருத்திக்குக் கழங்கு தெரியவில்லையெனில், பழி யாரைச் சேரும்? கற்பிக்கப்படாத ஒன்றுக்கு ஒருவர் துரோகம் செய்ய இயலாது. அடுக்கு மாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தபோது பல்லாங்குழியைப் பழம்பொருளாகக் கைவிட்டவர்கள் பெரியவர்களே. பள்ளியில் வெண்பாவை மதிப்பெண்ணுக்குரிய சுமையாக மட்டும் காட்டியவர்கள், அண்டை நாட்டார் தம் செய்யுளை ஆட்டமாக்கி மகிழ்வதைக் கண்டு பிள்ளைகளைக் கடிவதில் பயனில்லை. ஆயினும், அயலாரின் விளையாட்டில் பெற்ற கண்ணைத் தன் வீட்டின்மேலும் திருப்பிப் பார்த்தல் அம்மாணவியின் கடமையாகும். நூறு பாடல்களைக் கொண்டு அங்கே ஒரு சீட்டாட்டம் இயலுமானால், தமிழ்ப் பாடல்களைக் கொண்டு இங்கேயும் அது இயலும்.

மூன்றாவது குறையே நெஞ்சைச் சுடுவது. கிள்ளானில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். எண்பதைக் கடந்த பாட்டி ஒருத்தி, கைக்குழந்தையாய் இருந்தபோது அவளுடைய தந்தையைத் தோட்டத்திலிருந்து சயாமுக்குக் கொண்டு சென்றனர், அவர் திரும்பவில்லை. பேத்தி மேசையில் ஜப்பானிய எழுத்தை எழுதிப் பழகுகிறாள். "ஏம்மா, அந்த ஜப்பான்காரன் பாஷையையா படிக்கிற?" என்று பாட்டி கேட்டால், அவ்வினாவைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிடல் ஆகாது.

1942 சனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் ஜப்பானியப் படையிடம் வீழ்ந்தது. அதன்பின் பள்ளிகளில் ஜப்பானிய மொழி கட்டாயமாக நுழைந்தது. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்து 415 கிலோமீட்டர் நீளத்தில் அமைக்கப்பட்ட இரயில் பாதை 1943 அக்டோபரில் முடிவுற்றது. அப்பணிக்கு மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டவர்கள் 70,000க்கும் மேற்பட்டவர்கள் என்பது பரவலான மதிப்பீடு. அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். காலராவும் மலேரியாவும் பசியும் அடியும் அவர்களை மாய்த்தன. நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. ஆசியத் தொழிலாளருள் பெரும்பாலோர்க்குப் பெயர் தாங்கிய கல் ஒன்றும் இல்லை. மலேசியத் தமிழ் எழுத்தாளர்களாகிய ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் அத்துயரை நாவல்களாக்கி, நினைவைக் காத்தனர்.

பேத்தி என்ன செய்தல் தகும்? மொழியைத் துறத்தல் ஒரு வழி. ஆனால், தண்டவாளம் போட மக்களை இழுத்துச் சென்றது ஒரு படை; கொடுமை இழைத்தது ஒரு வல்லாட்சி. எண்ணூறு ஆண்டுக்கு முற்பட்ட கவிஞன் அதற்குப் பொறுப்பாளி அல்லன். இன்று படக்கதை எழுதுபவனும் அல்லன். மொழியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினால், அடிமை வாணிகம் நடத்திய ஐரோப்பியர் மொழிகளையும் அங்கே நிறுத்த வேண்டியிருக்கும். அவ்வாறு யாரும் செய்வதில்லை.

மறத்தல் மற்றொரு வழி. அது முன்னதினும் தீது. ஒரு நாட்டின் இனிமையை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் கொடுமையை அறியாதிருப்பவன் அந்நாட்டை நேசிப்பவன் அல்லன்; அதன் கடைத்தெருவில் பண்டம் வாங்குபவன்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. கற்பவள் முழுமையாகக் கற்க வேண்டும். பாட்டியின் அருகில் அமர்ந்து, அவள் தன் தாயிடம் கேட்டறிந்தவற்றை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மொழியில் தேர்ந்த பின், அப்பாதையைப் பற்றி ஜப்பானியர் எழுதிவைத்த குறிப்புகளைத் தானே படிக்க வேண்டும். ஜப்பானிய நண்பர்களிடம், பகையின்றியும் மழுப்பலின்றியும், தன் கொள்ளுப்பாட்டனாரைப் பற்றி அவர்கள் மொழியிலேயே கூற வேண்டும். இரு நாட்டு இளையோரிடையே நட்பு உண்மையானதாக வேண்டுமாயின், அவ்வுரையாடல் ஒருநாள் நிகழ்ந்தே தீர வேண்டும். அதனை நிகழ்த்தத் தமிழும் ஜப்பானியமும் அறிந்த ஒருவர் தேவை. மொழியறியாச் சினத்தால் அது கைகூடாது.

பிறர் மொழியை விரும்புதல் குற்றமன்று. விருப்பத்தை நுகர்ச்சியோடு நிறுத்திக்கொள்ளுதலே குறை. தமிழாசிரியர்க்கும் இதில் ஒரு பங்குண்டு. வகுப்பில் ஒரு மாணவன் ஜப்பானியச் சொல் ஒன்றைச் சொல்லிச் சிரித்தால் அவனை அடக்கிவிடாமல், அச்சொல்லின் அமைப்பைத் தமிழோடு ஒப்பிட்டுக் கரும்பலகையில் எழுதலாம். மரண இரயிலைப் பற்றிய நாவலை அவன் கையில் கொடுக்கலாம். அடுத்த வாரம் பல்லாங்குழிப் பலகை ஒன்றை வகுப்பிற்குக் கொண்டு வரலாம். இம்மூன்றையும் செய்யும் ஆசிரியர், அம்மாணவனை எந்த மொழிக்கும் இழந்துவிடமாட்டார்.