கேட்டால்தானே சொல்ல வேண்டும்?



ஏப்ரல் மாதத்தில் கல்லூரித் தேர்வுகள் முடிந்ததும் நம் பிள்ளைகளில் சிலர் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு ரயிலேறுவதை நீங்கள் அறிவீர்கள். தியாகராய நகர் ஜவுளிக் கடையிலோ ஓட்டலிலோ இரண்டு மாதம் உழைத்து, ஜூனில் கல்லூரிக் கட்டணத்தோடு திரும்பவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். மெச்சத்தக்க எண்ணமே.

சென்ற ஆண்டு அப்படிப் புறப்பட்ட ஒரு மாணவன் என்னிடம் நற்சாட்சிப் பத்திரம் கேட்டு வந்தான். தகப்பனில்லாத பிள்ளை, தாய் பீடி சுற்றிப் பிழைப்பவள். மகிழ்ச்சியோடு எழுத உட்கார்ந்தேன். "படிப்பை முடித்துவிட்டான் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், சாமி. இரண்டு மாத வேலைக்கு எவரும் ஆள் எடுப்பதில்லை" என்றான். பேனாவைக் கீழே வைத்தேன். அவன் விடவில்லை. "சரி, அது வேண்டாம். படிக்கிறேன் என்றும் எழுதவேண்டாம். கடைக்காரர் கேட்டால்தானே சொல்ல வேண்டும்?"

முதலில் அவன் கேட்டது பொய். அதில் சந்தேகமில்லை. இரண்டாவது கேட்டதோ கடினமான கேள்வி. மௌனமெல்லாம் பொய்யாகுமா? ஆகாது. வீட்டுக் கடனையும் குடும்பச் சண்டையையும் கடைக்காரரிடம் சொல்ல எவனும் கடமைப்பட்டவனல்ல. அப்படியானால் எதை மறைக்கலாம், எதை மறைக்கலாகாது?

இது பழைய கேள்வி. கி.மு. 44-ல் ரோமாபுரியின் சிசரோ, ஏதென்ஸ் நகரில் படித்துக்கொண்டிருந்த தம் மகனுக்கு எழுதிய நூலில் இதை ஆராய்கிறார். ரோடு தீவில் பஞ்சம். ஒரு வியாபாரி அலெக்சாந்திரியாவிலிருந்து தானியக் கப்பலோடு வருகிறான். பின்னால் வேறு கப்பல்களும் வருவதை அவன் கண்டிருக்கிறான். அதைச் சொன்னால் விலை விழும். சொல்லவேண்டுமா? மறைக்கலாகாது என்பது சிசரோவின் முடிவு. 13-ம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்வினாஸ் இன்னும் நுட்பமாகப் பிரித்துப் பார்த்தார். பிற கப்பல்கள் வரும் செய்தியைச் சொல்ல நீதி கட்டாயப்படுத்தாது. சொன்னால் அது மேலான புண்ணியம். ஆனால் விற்கும் சரக்கிலேயே வாங்குபவனுக்கு நஷ்டம் தரும் மறைவான குறை இருந்தால், கேட்காவிட்டாலும் சொல்லியே தீரவேண்டும்.

இப்போது நம் மாணவனைப் பாருங்கள். வேலை தேடுபவன் விற்கும் சரக்கு என்ன? தன் நாட்களையே விற்கிறான். ஜூனில் போய்விடுவேன் என்பது பின்னால் வரும் கப்பலைப் பற்றிய செய்தியல்ல. சரக்கின் அளவே அதுதான். நிலையான ஆள் என்று நம்பி ஒரு மாதம் தொழில் பழக்குகிறவரிடம் அதை மறைப்பது, குறை மரக்காலால் நெல் அளப்பதற்குச் சமம். அந்த இடத்தை நம்பி, படிப்பில்லாத இன்னொரு பையன் வாசலில் நின்றிருக்கலாம். அவனுக்கு அது இரண்டு மாதப் பிழைப்பல்ல, வாழ்நாள் பிழைப்பு. நாள் கூலிக்கு ஆள் வந்து போகும் இடமானால் வேறு. அங்கே எவரும் நாளைக் கணக்கிட்டு ஏமாறுவதில்லை, மௌனம் குற்றமாகாது.

"முதலாளிகள் மட்டும் உண்மை பேசுகிறார்களா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்பதற்கே நம் மாநிலத்தில் 2021-ல் ஒரு சட்டத் திருத்தம் வேண்டியிருந்தது. வேலை நேரத்தையும் சாப்பாட்டுப் பிடித்தத்தையும் முன்கூட்டிச் சொல்லாத முதலாளியும் குறை மரக்கால் வைத்திருப்பவரே. ஆனால் அவருடைய மரக்கால் நம்முடையதை நேராக்கிவிடாது.

"இவன் கல்லூரி மாணவன், ஜூன் வரை வேலை செய்யக்கூடியவன், நம்பத்தக்கவன்" என்று எழுதிக்கொடுத்தேன். வாடிய முகத்தோடு வாங்கிப் போனான். இரண்டு கடைகளில் பத்திரத்தைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். பள்ளி திறக்குமுன் சீருடையும் நோட்டுப் புத்தகமும் விற்கும் ஒரு கடையில், அந்த நெருக்கடிக் காலத்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சம்பளம் நிலையான ஆளைவிடக் குறைவு. கட்டணத்தில் விழுந்த குறையை அவன் தாய் கடன் வாங்கிக் கட்டினாள். இதை உங்களிடம் மறைத்து, உண்மை பேசியவனுக்கு எல்லாம் நன்றாகவே நடந்தது என்று நான் எழுதினால், அவனுக்குச் சொன்ன புத்தியை நானே மீறியவனாவேன்.

அந்தக் கடன் பல நாள் என் நெஞ்சை உறுத்தியது. உண்மை பேசு என்று புத்தி சொல்லிவிட்டு, அதன் விலையை ஏழையின் தலையில் மட்டும் கட்டுவது நீதியாகுமா? ஆகாது. பெற்றோரே, "கேட்டால் மட்டும் சொல்" என்று பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்து அனுப்பாதீர்கள். கடையும் தொழிலும் வைத்திருப்பவர்களே, "இரண்டு மாதம்தான் ஐயா" என்று ஒரு பிள்ளை உண்மையைச் சொல்லும்போது, கதவைச் சாத்துமுன் ஒரு கணம் யோசியுங்கள்.

இந்தக் கோடையில் நம் மாணவர்களுக்கு இரண்டு மாத வேலை கொடுக்கக்கூடியவர்களும், சென்னையில் அப்படிப்பட்டவர்களை அறிந்தவர்களும் ஞாயிறு பூசை முடிந்ததும் அறைவீட்டில் என்னைச் சந்தியுங்கள். வேலை எத்தனை நாள், கூலி எவ்வளவு என்பதை இரு தரப்பும் முதலிலேயே தெளிவாகப் பேசிக்கொள்ளட்டும்.

உங்கள் பங்குக் குரு