விழுந்த சாட்டை

எனக்கு எட்டோ ஒன்பதோ வயதிருக்கும்போது வாப்பா சொல்லித் தந்த செய்தி இது. மனிதர்களிடம் எதையும் கேட்பதில்லை என்று நபிகளாரிடம் உறுதிமொழி கொடுத்த தோழர்களில் சிலர், பயணத்தில் கையிலிருந்த சாட்டை விழுந்துவிட்டால்கூட, அருகில் நிற்பவரை எடுத்துத் தரச் சொல்லமாட்டார்களாம். தாமே இறங்கி எடுத்துக்கொள்வார்களாம். அவ்ஃப் இப்னு மாலிக் (ரலி) அறிவித்ததாக முஸ்லிம் கிரந்தத்தில் பதிவாகியிருக்கும் செய்தி அது. அறுபது வருடமாக அதை என் மானத்துக்குக் காவலாக வைத்துக்கொண்டு திரிந்தேன். 2022 மார்ச் கடைசிக் கிழமையில், யாழ்ப்பாணத்தில் என் வீட்டுக் கிணற்றடியில், அரை வாளித் தண்ணீரைத் தூக்கலாமா கூடாதா என்று நின்றபோதுதான் அதில் நான் கவனிக்காத ஒன்று தெரிந்தது. இறங்கி எடுத்தவர்களுக்கு இறங்குவதற்குக் கால்கள் இருந்தன.

எனக்குக் குடலிறக்கம். அரசாங்க வைத்தியசாலையில் வெட்டி, உள்ளே வலை வைத்துத் தைத்தார்கள். மூன்றாம் நாள் துண்டு வெட்டியாயிற்று. ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக்கூடாது, முக்கக்கூடாது, இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும். எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்ன தாதி கடைசியில் கேட்டார்: “வீட்டில ஆர் இருக்கினம் ஐயா?”

“எல்லாரும் இருக்கினம்” என்றேன்.

அது பொய். மனைவி புத்தளத்து மண்ணில் அடக்கமாகிவிட்டார். மகள் அங்கேயே வாழ்க்கைப்பட்டுச் சிறு பிள்ளைகளோடு இருக்கிறாள். மகன் கட்டாரில். ஏன் பொய் சொன்னேன் என்று பின்னர் பலமுறை யோசித்திருக்கிறேன். அந்தப் பிள்ளை இரக்கப்பட்டுவிடும் என்ற பயம்தான்.

இந்த நாட்டின் இலவச வைத்தியத்தைப் பற்றி நான் நன்றியோடுதான் பேசுவேன். கத்திக்கும் மருந்துக்கும் ஒரு சதம் கேட்கவில்லை. ஆனால் அது வைத்தியசாலை வாசலோடு முடிந்துவிடுகிறது. வாசலுக்கு அப்பால் ஒரு மனைவியோ மகளோ மருமகளோ சுடுதண்ணீரோடு நிற்பாள் என்று அது நம்பியிருக்கிறது. பிள்ளை பெற்ற வீட்டுக்குக் குடும்பநல மாது தேடி வருவார். வெட்டிய காயத்தோடு திரும்பும் கிழவனின் வீட்டுக்கு அப்படி ஒருவர் வந்ததை எங்கள் தெருவில் நான் கண்டதில்லை. 2012 குடிசன மதிப்பிலேயே அறுபதைத் தாண்டியவர்கள் 12.4 வீதம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம் பெற்றோரைக் கைவிடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறது. பராமரிப்புப் பணம் கேட்டுச் சபைக்கு முன்னால் போகலாம். என் பிள்ளைகள் கைவிடவில்லை, பணமும் அனுப்பினார்கள். கிணற்றடிக்குத்தான் ஆள் இல்லை.

நான் ஏன் தனியே இருக்கிறேன் என்பதை இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்கு நீட்டிச் சொல்லத் தேவையில்லை. 1990 ஒக்டோபர் 30இல் ஒலிபெருக்கியில் எங்களை ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணி நேர அவகாசம் தந்து, விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதிலுமாக ஏறக்குறைய 75,000 பேர். நான் அன்று முப்பத்தேழு வயது ஆசிரியன். யுத்தம் முடிந்து 2011இல் சோனகத் தெருப் பக்கம் திரும்பி வந்தபோது கூரையும் நிலைகளும் போயிருந்தன. கிணறு மட்டும் இருந்தது. பிள்ளைகளுக்குப் புத்தளம்தான் ஊர். எனக்கு அது இருபது வருடம் விருந்தாளியாக இருந்த இடம். “வாப்பா, இங்க வந்து ஒப்பரேஷன் செய்யுங்க” என்று மகள் அழுதாள். திரும்பவும் ஒரு பையோடு அந்தப் பாதையில் போக எனக்கு மனமில்லை.

ஆகவே ஏற்பாடுகள் செய்தேன். ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன்: தண்ணீர், சமையல், குளிசை, காயத்துக்கு மருந்து கட்டுவது, இரவில் மலசலகூடம். கட்டிலை முன்னறைக்கு மாற்றி, குடிதண்ணீரைத் தூக்க இலேசான சிறு போத்தல்களில் நிரப்பினேன். சமைக்க ஒரு பெண், மருந்து கட்ட ஓய்வுபெற்ற ஒரு மருந்தாளர், காலையும் மாலையும் எட்டிப் பார்க்க ஒரு பையன். எல்லோருக்கும் கூலி பேசி முன்பணமும் கொடுத்தேன். கூலி கொடுப்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்ததை மறைக்க விரும்பவில்லை. காசு கைமாறியதும் கணக்கு முடிந்துவிடுகிறது, யாரும் யாருக்கும் கடனில்லை. கூலி உதவியைக் குறைவாகச் சொல்லவும் மாட்டேன். அந்தச் சமையற்காரப் பெண் என் உப்பைக் குறைத்த அக்கறைக்கு நான் கொடுத்தது போதாது.

நான் எழுதாமல் விட்டது நாட்டின் நிலைமையை. அந்த மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போயிற்று. மோட்டார் ஓடவில்லை, தாங்கி வறண்டது. டீசல் இல்லாமல் பஸ்கள் குறைந்ததில் மகள் கிளம்ப முடியவில்லை. பையன் எரிபொருள் வரிசையில் நின்றுவிட்டான். ஜமாஅத்தார் நோய் விசாரிக்க வந்தார்கள். நல்ல மனிதர்கள், துஆ செய்தார்கள், மாரி பிஸ்கட் பெட்டிகளை அடுக்கினார்கள், சாமான் விலைகளைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்கள். ஒருவருக்கும் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. நோய் விசாரிப்பது வேறு, நோயாளிக்கு ஒரு வாளி அள்ளி வைப்பது வேறு என்பதை நாம் எப்போதோ மறந்துவிட்டோம் என்று அப்போது கோபப்பட்டேன். கேளாதவனுக்கு எப்படித் தெரியும் என்று இப்போது படுகிறது.

அப்படித்தான் அன்று கிணற்றடிக்குப் போனேன். கயிற்றில் கை வைத்ததும் வேலிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது: “மாஸ்டர், வையுங்கோ. வைச்சிட்டுப் போய் இருங்கோ.”

பக்கத்து வளவு அம்மா. என்னைவிட ஐந்தாறு வயது இளையவர், தமிழர். 1990இல் நாங்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கியபோது அவர் தன் படலையைச் சாத்தினார். அந்தத் தெருவில் ஆயுதங்களோடு பொடியன்கள் நின்றார்கள், படலையைத் திறந்து வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் படலைச் சத்தம் இருபது வருடம் என் காதில் இருந்தது. 2011இல் நான் திரும்பிய முதல் நாள் அவர் ஒரு பிளாஸ்கில் தேநீர் கொண்டு வந்தார். “உங்களுக்கு ஏன் கரைச்சல், நான் குடிச்சிட்டன்” என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அதன்பிறகு பதினொரு வருடம் வேலியோரத்தில் சுகம் விசாரிப்போம். அதற்கு மேல் இல்லை.

நான்கு வாளி அள்ளிக் குளியலறைத் தொட்டியில் ஊற்றிவிட்டுச் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தார். நான் கேட்கக்கூடாததைக் கேட்டேன். “ஒரு நாளைக்கு எவ்வளவு தரட்டும்?”

அவர் கோபப்படவில்லை. “கணக்குப் பார்க்கிறதெண்டா நிறையப் பார்க்கவேணும் மாஸ்டர்” என்றார். மறுநாளும் வந்தார், அதற்கு அடுத்த நாளும்.

அந்த ஆறு கிழமையும், நோன்பும் வந்து போன அந்த நாட்களில், படுத்தபடி இதைத்தான் யோசித்தேன். அரிஸ்டோட்டில் வர்ணிக்கும் பெருந்தகை மனிதன் கொடுத்ததை நினைவில் வைத்திருப்பான், வாங்கியதை மறந்துவிடுவான். வாங்குவது அவனுக்கு வெட்கம், ஏனென்றால் கொடுப்பது மேலானவனின் அடையாளம். 1999இல் வெளியான தன் நூலொன்றில் அலஸ்டெயர் மக்கின்டயர் இந்தப் பெருந்தகையைக் குறைபாடுள்ளவனாகக் காண்கிறார். குழந்தையாகவும் நோயாளியாகவும் கிழவனாகவும் பிறர் கையில் இருக்கும் காலம் மனித வாழ்வில் தவறிப்போய் நுழைந்ததல்ல, ஆகவே வாங்கத் தெரிவதும் ஒரு நற்பண்பு என்கிறார். இமாம் கஸ்ஸாலியிடமும் இதற்கு இடமுண்டு. இஹ்யாவில் ஸகாத் பற்றிய பகுதியில் வாங்குபவனின் ஒழுங்குகளைத் தனியே பேசுகிறார். வாங்குபவன்தான் கொடுப்பவனுக்கு உபகாரம் செய்கிறான் என்று எண்ணும்படி கொடுப்பவனுக்குச் சொல்கிறார். மேலே உள்ள கை சிறந்தது என்பதை நாம் மேடைகளில் நிறையச் சொல்லியிருக்கிறோம். கீழே உள்ள கையை எப்படி நீட்டுவது என்பதைப் பேசவில்லை.

ஆனால் என் சிக்கல் வெட்கம் மட்டுமாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரை தேவையில்லை. அந்த அம்மாவின் தண்ணீரை வாங்காமல் இருந்தவரை அவர் எனக்குக் கடன்காரர். பிளாஸ்கைத் திருப்பி அனுப்பியபோது நான் காப்பாற்றியது என் மானத்தை அல்ல, அந்தக் கடனை. கூலி பேச முயன்றதும் அதற்காகத்தான். காசைக் கொடுத்துவிட்டால் தண்ணீரின் கணக்கு முடியும், பழைய கணக்கு அப்படியே நிற்கும். உதவியை மறுப்பதில் ஒரு அதிகாரம் இருக்கிறது. எழுபதை நெருங்கும் வயதில், ஒரு வாளிக்கு முன்னால் அதைக் கண்டுகொண்டேன்.

இன்னொரு பயமும் இருந்தது, அதை நம்மவர்கள் பலர் பகிர்ந்துகொள்வார்கள். நாளைக்கு யாராவது, பாருங்கள், எல்லாம் சரியாகிவிட்டது, அயலவர்கள் தண்ணீர் அள்ளிக் கொடுக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார்களோ? இந்தப் பயம் வீணானதல்ல. காணி, வீட்டுத்திட்டம், நடந்ததை நடந்ததென்று ஏற்றுக்கொள்வது, இவையெல்லாம் ஒரு அயல்வீட்டுப் பெண்ணின் கருணையால் தீர்ந்துவிடுவன அல்ல. ஆனால் அவற்றைத் தரும் பொறுப்பு அவருடையதும் அல்ல. 75,000 பேருக்காக மன்னிக்க எனக்கு அதிகாரமில்லை. அவர்களிடம் மன்னிப்புக் கேட்க அவரை யாரும் அனுப்பவில்லை. நான் தண்ணீர் வாங்கியதால் எந்த உரிமையும் கைவிடப்படவில்லை என்பது ஒரு இரவு சட்டெனத் தெளிவானது. மறுநாள் காலை அது அவ்வளவு தெளிவாக இல்லை. இப்போதும் சில நாட்களில் இல்லை.

ஒரு பின்னேரம் அவர் கிணற்றுக் கட்டில் இருந்தபடி தன் கதையைச் சொன்னார். 1995இல் அவர்களையும் ஒலிபெருக்கிதான் எழுப்பியது. மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடக்க இரவு முழுவதும் எடுத்ததாம், தாயைச் சைக்கிளில் வைத்துத் தள்ளினாராம். அதுவும் ஒக்டோபர் 30. திகதி ஒன்று என்பதற்காக இரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் தயாரில்லை. எங்களை வேண்டாமென்று துரத்தினார்கள், அவர்களைத் தங்களோடு இழுத்துக்கொண்டு போனார்கள். அதை அவரிடம் சொன்னேன். “ஓம், அது வேறதான்” என்று ஏற்றுக்கொண்டார். இந்த நாட்டில் அப்படியொரு ஒத்துக்கொள்ளலை வேறு யாரிடமும் நான் கேட்டதில்லை.

கேரளத்தில், கோழிக்கோட்டிலும் மலப்புறத்திலும், 2000ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய அயல்பக்க வலிதணிப்புப் பராமரிப்பு அமைப்புகளைப் பற்றிப் பின்னர் வாசித்தேன். அந்தந்தத் தெருவின் தொண்டர்களே பயிற்சி பெற்று, கிழமையில் சில மணி நேரம் ஒதுக்கி, படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்குப் போகிறார்கள். மாப்பிள்ளை முஸ்லிம்கள் செறிந்த இடங்கள் அவை. 2008இல் அந்த மாநில அரசும் இதற்கென ஒரு கொள்கையை வகுத்தது. நம் பள்ளிவாசல்களில் மையித்துக்கான ஏற்பாடு குறைவில்லாமல் இருக்கிறது. மூச்சிருக்கும்போது ஆறு கிழமைக்கு இரண்டு பேரை முறைவைத்து அனுப்புவது அதைவிடக் கடினமானதா? ஜமாஅத்தில் கேட்டேன். யோசிப்போம் என்றார்கள். ஒரு கொப்பியில் பெயர் எழுதத் தொடங்கியிருக்கிறோம், இதுவரை நான்கு பெயர்.

ஆறாம் கிழமை முடிய மோட்டாரும் ஓடியது, நானும் நடந்தேன். அடுத்த வருடம் அந்த அம்மாவுக்குக் கண்ணில் வெள்ளை எடுத்தார்கள். எனக்குத் தெரியவந்தது, கண்ணில் மறைப்போடு அவர் வேலியோரத்தில் தடவித் தடவி உடுப்புக் காயப்போட்டதைக் கண்டபோதுதான். கொக்குவிலில் இருந்து மருமகள் வந்து இரண்டு நாள் நின்றுவிட்டுப் போய்விட்டாளாம்.

“ஒரு சத்தம் போட்டிருக்கலாமே” என்றேன்.

“உங்களுக்கு ஏன் கரைச்சல் மாஸ்டர்” என்றார்.