பாடத்துக்கு வாங்கிய உயிர்

"பசங்களுக்கு ஒரு பொறுப்பு வரட்டுமேன்னு வாங்கினோம்." கினிப் பன்றி வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. நாய் என்றால் தினமும் வெளியே கூட்டிப்போக வேண்டும், அபார்ட்மென்ட் அசோசியேஷன் முனகும். கினிப் பன்றி குரைக்காது, கடிப்பதும் அபூர்வம், ஒரு கூண்டுக்குள் அடங்கிவிடும். குழந்தைக்கு முதல் பிராணியாக வேறென்ன வேண்டும்?

அந்த வாக்கியத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். கற்பது குழந்தை. கற்கப்படுவது பொறுப்பு. அப்படியென்றால் அந்தப் பிராணி யார்? அது பாடப் பொருள்.

இம்மானுவேல் கான்ட் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார். மிருகங்களுக்கு நாம் நேரடியாகக் கடமைப்பட்டவர்கள் அல்ல என்பது அவருடைய அறவியல் விரிவுரைகளில் வரும் வாதம். மிருகத்திடம் குரூரமாக நடந்து பழகியவன் மனிதரிடமும் அப்படியே நடப்பான். ஆகவே அவற்றிடம் கனிவாக இருப்பது, சுற்றிவளைத்து, மனிதருக்கு நாம் செய்யும் கடமை. நம்ம அப்பா அம்மாக்கள் பெரும்பாலும் கான்ட்டைப் படித்ததில்லை. ஆனால் கூண்டு வாங்கும்போது அவர் சொன்னதைத்தான் சொல்கிறார்கள்.

இந்த வாதம் எங்கே இடறுகிறது என்பது கூண்டுக்குள் எட்டிப் பார்த்தால் தெரியும்.

கினிப் பன்றியின் பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். அவை தேய வேண்டுமானால் நாள் முழுக்க உலர்ந்த புல்லை மென்றபடி இருக்க வேண்டும். வைக்கோல் அதற்கு ஈடாகாது; அதில் சத்து குறைவு. மனிதரைப் போலவே அதன் உடலும் வைட்டமின் சி-யைத் தானாகத் தயாரிக்காது. ஒரு கிலோ எடைக்குத் தினமும் 10 முதல் 30 மில்லிகிராம் வரை வெளியிலிருந்து போய்ச் சேர வேண்டும். தினமும் ஒரு துண்டு குடைமிளகாய் இதில் நன்றாகக் கைகொடுக்கும். தண்ணீரில் சொட்டு மருந்து கலந்து வைத்தால் சீக்கிரமே வீரியம் போய்விடும். வெப்பம் 27 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து நெருங்குகிறது. சென்னையில் வருடத்தின் பெரும்பகுதி பகல் அதைத் தாண்டித்தான் இருக்கிறது. பால்கனியில் கூண்டு வைக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதைவிடக் கடினமானது ஒன்று உண்டு. காட்டில் இரையாக இருந்த இனம் இது. நோவை வெளியே காட்டினால் அங்கே உயிர் போய்விடும். அதனால் நோயை மறைக்கும். சாஃப்ட்வேர் வேலையில் நாங்கள் அதிகம் பயப்படுவது சத்தமாக விழுந்துபோகும் சர்வருக்கு அல்ல. எந்த அலர்ட்டும் தராமல் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டிருக்கும் சர்வருக்குத்தான். இங்கே அலர்ட்டை நாம்தான் உருவாக்க வேண்டும்: வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்துவைப்பது, தினமும் புழுக்கையைக் கவனிப்பது. அரை நாள் சாப்பிடாமல் கிடந்தாலே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டிய அவசரம். குழந்தையின் காய்ச்சலுக்கு வாங்கிய அமாக்ஸிசிலின் மிச்சம் இருக்கிறதே என்று வாயில் ஊற்றிவிடக் கூடாது. பென்சிலின் வகை மருந்துகள் அதன் குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களை அழித்து உயிரையே எடுத்துவிடலாம்.

இதில் எதை எட்டு வயதுப் பிள்ளையின் பொறுப்பு என்று சொல்வீர்கள்?

பொறுப்பைக் கற்பதற்குத் தவறவும் இடம் வேண்டும். ஹோம்வொர்க்கை மறந்தால் திட்டு விழுகிறது; மறந்தவருக்கே விழுகிறது. தண்ணி வைக்க மறந்தால் தண்டனை வேறொரு உயிருக்கு. ஒருவர் கற்க, இன்னொருவர் கட்டணம் கட்டும் பாடம் அது.

"நாங்க பார்த்துப்போம், பிள்ளை கூட இருந்து கத்துக்கும்" என்று சொல்லலாம். சரியான பதில். ஆனால் அப்போது முதல் வாக்கியம் தலைகீழாகிவிடுகிறது. பொறுப்பு உங்களுடையது, பிள்ளை கூடமாட உதவுகிறது. பிள்ளை உண்மையில் கற்பதும் அப்போதுதான் என்று நினைக்கிறேன். யாரும் பார்க்காத ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அப்பா புல் மாற்றுவதைப் பார்த்து. கான்ட் சொன்ன பலன்கூட, அந்தப் பலனை நோக்கிச் செய்யாதபோதுதான் கிடைக்கிறது. 'உனக்காகத்தான் இதை வச்சிருக்கோம்' என்று கேட்டு வளரும் பிள்ளை, உயிர்கள் நம் தேவைக்காக இருப்பவை என்பதையும் சேர்த்தே கற்கும்.

1907-ல் நார்வேயின் ஏக்சல் ஹோல்ஸ்ட், தியோடோர் ஃப்ரோலிக் இருவரும் கினிப் பன்றிகளுக்குத் தானியம் மட்டும் கொடுத்து, அவற்றுக்கு ஸ்கர்வி வருவதைக் கண்டார்கள். அவர்கள் தேடியது கப்பல் ஊழியர்களின் நோய்க்கான காரணத்தை. இன்று நாம் தட்டில் வைக்கும் குடைமிளகாய்க்குப் பின்னால் அந்தக் கூண்டுகளும் இருக்கின்றன. ஆய்வகத்தில் மனிதரின் உடலைப் புரிந்துகொள்ள அது பயன்பட்டது. வீட்டில் நம் பிள்ளையின் குணத்தைச் சோதித்துப் பார்க்கப் பயன்படுகிறது.

ஆனால் சோதனை முடிந்த பிறகும் அது உயிரோடு இருக்கும். ஆயுள் ஐந்திலிருந்து எட்டு வருடம். எட்டு வயதில் அடம்பிடித்த பிள்ளை பதினைந்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு இது கூட்டமாக வாழும் பிராணி. மனிதர் எவ்வளவு கொஞ்சினாலும் அதன் இனத்துக்கு ஈடாக மாட்டார். சுவிட்சர்லாந்தின் 2008-ம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு விதிகள், இதைத் துணையோடுதான் வளர்க்க வேண்டும் என்கின்றன. இரண்டில் ஒன்று இறந்தால் மிஞ்சியதன் தனிமைக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே கடைக்குப் போகும் முன் ஒரு கணக்கு போடலாம். பாடத்தைக் கழித்துவிடுங்கள். ஆறே மாதத்தில் பிள்ளைக்குச் சலித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பவும் தினமும் எழுந்து புல் போட, கூண்டு கழுவ, கோடையில் அதுக்காக ஏசி ஓடவிட நீங்க தயாரா? ஆமாம் என்றால், ஒன்று வேண்டாம், இரண்டாக வாங்குங்கள். தயங்கினால் பிள்ளைக்கு ஒரு ரோஜாத் தொட்டி வாங்கிக் கொடுங்கள். மறந்தால் அது வாடும். பிள்ளை தவறிக் கற்றுக்கொள்ள அங்கே இடம் இருக்கிறது.